தமிழ் படிக்க யார் காசு கொடுத்தார்கள்?

செடெனாக் பெரிய பட்டணம் அல்ல. மலேசியாவின் ஜொகூர் மாநிலத்தில், கூலாய் வட்டாரத்தில் இருக்கிறது. வடக்கு-தெற்கு நெடுஞ்சாலையில் ஜொகூர் பாரு நோக்கிப் போகிறவர்களில் பலருக்கு அது ஒரு பெயர்ப்பலகை மட்டுமே. சுற்றிலும் செம்பனை. ஒரு காலத்தில் இந்தப் பக்கமெல்லாம் ரப்பர். தோட்டத்துத் தமிழ்ப்பள்ளி ஒன்று உண்டு. அண்மை ஆண்டுகளில் செம்பனைக்கு நடுவே தொழில்நுட்பப் பூங்கா ஒன்று வந்து, தரவு மையங்கள் வரிசையாக எழும்பிக்கொண்டிருக்கின்றன.

அந்த மாதிரி ஒரு தோட்டப் பள்ளியில் படித்த பிள்ளை, மேல்படிப்புக்குத் தமிழோ மொழியியலோ எடுக்கிறேன் என்று சொன்னால் வீட்டில் என்ன கேட்பார்கள்? "அதைப் படிக்க யாரம்மா காசு கொடுப்பான்?" என்றுதான் கேட்பார்கள். தமிழ்நாட்டில் கல்வி உதவித்தொகை என்பதை மலேசியாவில் உபகாரச் சம்பளம் என்பார்கள். டாக்டர் படிப்புக்கு உபகாரச் சம்பளம், என்ஜினீயருக்கு உபகாரச் சம்பளம் என்று கேள்விப்பட்ட அளவுக்கு, மொழி படிக்க உபகாரச் சம்பளம் என்று ஊரில் கேள்விப்படுவதில்லை.

ஆனால் தமிழ் படிக்கிறவருக்குக் காசு கொடுக்கும் வழக்கம் புதிதல்ல. அதற்கு 200 வயதுக்கு மேல் ஆகிறது. வேடிக்கை என்னவென்றால், முதலில் அந்தக் காசு வாங்கியவர்களில் பலர் தமிழர் அல்ல.

1812-இல் சென்னையில் கோட்டைக் கல்லூரி தொடங்கப்பட்டது. தமிழில் அதைச் சென்னைக் கல்விச் சங்கம் என்பார்கள். அதற்கு முன்னின்றவர் எல்லிஸ் துரை. இங்கிலாந்திலிருந்து கப்பலேறி வந்த கம்பெனியின் இளம் உத்தியோகஸ்தர்கள் அங்கே உட்கார்ந்து தமிழும் தெலுங்கும் கற்றார்கள். பரீட்சையில் தேறினால் மாதச் சம்பளம் ஏறும். நன்றாகத் தேறினால் பரிசுப் பணமும் உண்டு. சொல்லிக்கொடுத்த புலவர்களுக்குக் கிடைத்ததோ வாத்தியார் சம்பளம். ஆனாலும் அந்த ஏற்பாட்டில் ஒரு நல்லது நடந்தது. இப்படிப் பல மொழிகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்ததால்தான் தமிழ், தெலுங்கு, கன்னடம் முதலியவை ஒரே குடும்பத்து மொழிகள் என்பதை எல்லிஸ் 1816-இல் அச்சில் சொல்ல முடிந்தது. கால்டுவெல்லின் ஒப்பிலக்கணம் வந்தது 1856-இல், அதாவது 40 ஆண்டு கழித்து. மொழி படிக்கச் செலவழித்த காசு எந்த வழியில் திரும்பி வரும் என்று யாரும் முன்கூட்டிக் கணக்குப் போட முடியாது என்பதற்கு இது ஒன்றே போதும்.

இதே பழக்கம் கடல் கடந்து மலாயாவுக்கும் போயிற்று. மலாயா நிர்வாகத்தில் சேர்ந்த ஆங்கிலேய இளைஞர்களில் சிலரைத் தமிழ் கற்றுவரச் சொல்லிச் சென்னைக்கே அனுப்பினார்கள். தோட்டத் துரைமார்களுக்கு 1919-இல் அமைந்த தோட்டக்காரர் சங்கம் தமிழ்ப் பரீட்சை நடத்தியது. பால் வெட்டுகிறவர்களிடம் வேலை வாங்க வேண்டுமே, அதற்காக. இலக்கியத்துக்காக அல்ல; பெரட்டுக் களத்தில் அதட்டுவதற்கு.

அந்தத் தொழிலாளியின் பிள்ளைக்கு என்ன கிடைத்தது? கூட்டு மலாய் மாநிலங்களில் 1923-இல் வந்த தொழிலாளர் சட்டம், பள்ளி வயதுப் பிள்ளைகள் 10 பேர் இருக்கும் தோட்டத்தில் நிர்வாகம் பள்ளிக்கூடம் வைக்க வேண்டும் என்றது. பல தோட்டங்களில் பள்ளிக்கூடம் என்றால் ஒரு கொட்டகை. எழுதப் படிக்கத் தெரிந்த கங்காணியோ கிராணியோ அங்கே வாத்தியார். ஆரம்ப வகுப்போடு படிப்பு முடிந்தது. அதற்குமேல் தமிழில் படிக்க வழியில்லை. தோட்டத்துத் தமிழைக் கற்றதற்காகத் துரை உயர்வு பெற்றார். அதே தமிழைத் தாயிடம் கற்ற பிள்ளைக்கு மரமும் உளியும் காத்திருந்தன.

இந்தக் கதை திரும்பிய இடம் பல்கலைக்கழகம். 1949-இல் மலாயாப் பல்கலைக்கழகம் சிங்கப்பூரில் தொடங்கியது. அதில் இந்திய இயல் துறை ஒன்று வேண்டும் என்ற பேச்சு 1950-களின் தொடக்கத்தில் எழுந்தது. யோசனை சொல்ல அழைக்கப்பட்டவர் வரலாற்றறிஞர் கே.ஏ.நீலகண்ட சாஸ்திரி. சோழர் வரலாற்றை எழுதியவர். சாதாரண ஆள் இல்லை. அவர் சமஸ்கிருதத்துக்கு முதலிடம் கொடுக்கும்படி பரிந்துரைத்தார். உலகப் பல்கலைக்கழகங்களில் அன்றிருந்த முறை அதுதான் என்று அவர் பக்கத்து நியாயத்தையும் சொல்லலாம். ஆனால் மலாயாவில் இருந்த இந்தியர்களில் மிகப் பெரும்பாலோர் தமிழர். அவர்கள் வாயில் வழங்காத மொழிக்குத் துறையும், வழங்குகிற மொழிக்கு ஓரத்தில் ஒரு பாயும் என்றால் யார் பொறுப்பார்கள்?

பொறுக்காதவர் 'தமிழ் முரசு' ஆசிரியர் கோ.சாரங்கபாணி. திருவாரூர்ப் பக்கத்திலிருந்து போய்ச் சிங்கப்பூரில் வேர் விட்டவர். பத்திரிகையில் எழுதினார், கூட்டம் போட்டார். வெறுங்கையோடு கேட்டால் காரியம் நடக்காது என்பதும் அவருக்குத் தெரிந்திருந்தது. துறை வந்தால் நூலகம் வேண்டும், நூலகத்துக்குத் தமிழ்ப் புத்தகம் வேண்டும். அதற்காக 'தமிழ் எங்கள் உயிர்' என்று ஒரு நிதி தொடங்கினார். பணக்காரர் நாலு பேரிடம் பெரிய காசோலை வாங்கி முடித்துவிடவில்லை. சாமானியர்கள் தந்த சில்லறைகளாகச் சேர்ந்த நிதி அது. சிங்கப்பூர்த் துறைமுகத்திலும் மலாயாத் தோட்டங்களிலும் அன்றாடக் கூலிக்கு உழைத்தவர்கள், தங்கள் பிள்ளை போகுமா என்றே தெரியாத ஒரு பல்கலைக்கழகத்தின் அலமாரியை நிரப்பக் காசு கொடுத்தார்கள்.

யோசித்துப் பாருங்கள். உபகாரச் சம்பளம் என்றால் மேலே இருப்பவர் கீழே இருப்பவருக்குக் கொடுப்பது என்றுதான் நினைக்கிறோம். இங்கே பட்டமே பார்த்திராதவர்கள் பட்டம் படிக்கப் போகிறவர்களுக்குக் கொடுத்தார்கள்.

1956-இல் துறை வந்தது, தமிழோடு வந்தது. பிறகு பல்கலைக்கழகம் இரண்டாகி, இந்திய இயல் துறை கோலாலம்பூருக்குப் போயிற்று. 1961-இல் அதற்குத் தலைவராக வந்தவர் யாழ்ப்பாணத் தீவுப் பகுதியைச் சேர்ந்த தனிநாயக அடிகள். 1966 ஏப்ரலில் முதல் உலகத் தமிழ் மாநாடு அங்கே கூடியதற்கும் அந்தத் துறைதான் ஊன்றுகோல். மாநாடு பற்றி எல்லாரும் பேசிவிட்டார்கள்; அதே ஆண்டில் வந்த இன்னொன்றைப் பற்றி அவ்வளவாகப் பேசுவதில்லை. அந்தத் துறையின் இராம.சுப்பையா, கீழ்ப் பேராக் பகுதித் தமிழ் வழக்குகளின் சொற்களை ஆராய்ந்து ஒரு நூல் வெளியிட்டார். மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் வெளியான தமிழ் நூல்கள், இதழ்களின் பட்டியலையும் அவர் தொகுத்தார். அது 1969-இல் வந்தது. சாமானியர் கொடுத்த காசு சாமானியர் பேச்சையே ஆராய்ச்சியாக்கித் திருப்பித் தந்தது. கொடுத்தவர்களுக்கு இதைவிட நல்ல ரசீது இருக்க முடியாது.

அதே காலத்தில் வெளியுலகில் என்ன நடந்தது? ராக்பெல்லர் அறக்கட்டளையின் பணத்தில் 1950-களில் புனே டெக்கான் கல்லூரியில் மொழியியல் பயிற்சிப் பள்ளிகள் நடந்தன. இந்திய மொழியியலில் பின்னாளில் பெயர் பெற்ற பலர் அங்கே பயின்றவர்கள். 1957-இல் ரஷ்யா ஸ்புட்னிக்கை வானில் விட்டதும் அமெரிக்காவுக்குத் தூக்கம் போயிற்று. மறு ஆண்டே தேசப் பாதுகாப்புக் கல்விச் சட்டம் வந்தது. அதில் கணக்குக்கும் விஞ்ஞானத்துக்கும் மட்டுமா பணம்? வெளிநாட்டு மொழி கற்கும் மாணவர்களுக்கும் உபகாரச் சம்பளம். அந்த மொழிகளில் தமிழும் ஒன்று. ராக்கெட்டுக்குப் பதில் சொல்ல மொழி மாணவனும் வேண்டும் என்று ஒரு வல்லரசு கணக்குப் போட்டது. அந்தக் கணக்கு சுயநலக் கணக்குதான். ஆனால் மொழிப் படிப்பு பிழைப்புக்கு உதவாது என்று சொல்லும் நம்மவர்களைவிட அது கெட்டிக்காரத்தனமான கணக்கு.

மலேசியாவில் அரசு வழியும் சங்க வழியும் பின்னர் பலவாக வந்தன. தோட்டங்களைத் துண்டு போட்டு விற்ற காலத்தில், 1960-இல், துன் வீ.தி.சம்பந்தன் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். தோட்டத் தொழிலாளி மாதம் 10 வெள்ளியாகக் கட்டி 100 வெள்ளிப் பங்கு வாங்கினான். அந்தச் சங்கம் தோட்டம் வாங்கியதோடு நிற்காமல் உறுப்பினர் பிள்ளைகளின் உயர்கல்விக்கு உதவியது, எழுத்தாளர்களுக்குப் பரிசும் தந்தது. மலாயாப் பல்கலைக்கழகத் தமிழ்ப் பேரவை 1980-களில் தொடங்கிய சிறுகதைப் போட்டியில் மாணவர்களுக்குத் தனிப் பிரிவு உண்டு. பரிசுக் கதைகள் 'பேரவைக் கதைகள்' என்று தொகுப்பாக வரும். பரிசுத் தொகையைவிட, பேர் அச்சில் வந்ததுதான் எழுதிய பிள்ளைக்குப் பெரிய விருது. அதே பல்கலைக்கழகத்தில் 1996-இல் மொழி, மொழியியல் புலம் அமைந்தது. இந்திய இயல் துறைக்கு அப்பால் மொழியியலோடு சேர்த்துத் தமிழில் பட்டம் பெற இன்னொரு வாசல் திறந்தது. 1997-இல் வந்த தேசிய உயர்கல்வி நிதிக் கழகம் எந்தத் துறை என்று பார்க்காமல் கடன் கொடுக்கிறது. முதல் வகுப்பில் தேறினால் கடனைத் தள்ளுபடி செய்யும் ஏற்பாடும் அதில் உண்டு.

வாசல் இருக்கிறது. பிள்ளைகள் அதுவரை வந்து சேருகிறார்களா என்பதுதான் இப்போதைய வழக்கு. எஸ்.பி.எம். தேர்வில் 10 பாடத்துக்குமேல் எழுதக்கூடாது என்று 2009-இல் ஒரு முடிவு வந்தது. கட்டாயப் பாடங்களும் அறிவியல் பாடங்களும் போக, தமிழையும் தமிழ் இலக்கியத்தையும் எங்கே வைப்பது? பெற்றோரும் ஆசிரியர்களும் இயக்கங்களும் கொதித்தெழுந்தார்கள். அந்த ஆண்டு முடிவதற்குள் 12 பாடம் எழுதலாம் என்று தளர்த்தப்பட்டது. நல்லதுதான். ஆனால் ஒரு பாடம் 'கூடுதல்' என்ற வரிசைக்குப் போய்விட்டால், நேரம் போதாத பிள்ளை முதலில் கைவிடுவதும் அதைத்தான். பதினேழு வயதில் இலக்கியத்தை விட்ட பிள்ளையிடம் இருபது வயதில் மொழியியல் உபகாரச் சம்பளத்தை நீட்டி என்ன பயன்? உதவி தொடங்க வேண்டிய இடம் பல்கலைக்கழக வாசல் அல்ல, இடைநிலைப் பள்ளி. தேர்வுக் கட்டணம், இலக்கிய நூல்கள், வாரம் ஒரு நாள் வகுப்பெடுக்கும் ஆசிரியரின் பேருந்துச் செலவு என்று சின்னச் சின்னதாய்க் கொடுப்பது, பின்னால் மேடையில் கொடுக்கும் பெரிய காசோலையைவிட அதிகம் வேலை செய்யும்.

செடெனாக் பக்கமே இதற்கு வேலையும் கிடக்கிறது. கித்தா, மங்கு, பெரட்டு, தீம்பார், சடக்கு, தண்டல் என்று தோட்டத் தமிழுக்கென்றே ஒரு சொற்கூட்டம் உண்டு. கித்தா என்பது ரப்பரைக் குறிக்கும் மலாய்ச் சொல்லிலிருந்து வந்தது. தண்டல் என்றால் சென்னையில் வட்டிக் கடன், மலாயாத் தோட்டத்தில் வேலை வாங்கும் மேற்பார்வையாளர். ரப்பர் போய்ச் செம்பனை வந்தபோது இவற்றில் பாதி போயிற்று. மக்கள் லயத்தை விட்டுத் தாமான் வீடுகளுக்குப் போனபோது மீதியும் ஆட்டம் கண்டது. இந்தச் சொற்களை வாயார வழங்கியவர்கள் இன்று எழுபதும் எண்பதும் தாண்டியவர்கள்.

1966-இல் கீழ்ப் பேராக்கில் நடந்த அதே வேலையை, கூலாய், செடெனாக், லாயாங் லாயாங், ரெங்கம் என்று ரயில் தடத்தை ஒட்டி ஒரு மாணவியோ மாணவனோ செய்யலாம். கட்டடம் வேண்டாம், ஆய்வுக்கூடம் வேண்டாம். ஓராண்டுச் சாப்பாட்டுக்கும் பயணத்துக்கும் பணம், பேச்சைப் பதிவு செய்ய ஒரு கருவி, பதிவைச் சரிபார்க்க ஓர் ஆசிரியர், இவ்வளவுதான் தேவை. மனிதப் பேச்சைக் கணினிக்குச் சொல்லிக்கொடுக்கும் வேலைக்காகத் தரவு மையங்கள் கோடிக்கணக்கில் செலவழித்து எழுகிற அதே வட்டாரத்தில், பேசத் தெரிந்த பாட்டியின் குரலைப் பதிவு செய்ய ஒரு மாணவிக்கு ஓராண்டு உபகாரச் சம்பளம் கேட்பது அதிகமா என்ன?