கரிசல் வட்டாரத் தலைவர்கள்: போரும் சமாதானமும் பொதுவாழ்வும்

தூத்துக்குடி மாவட்டத்தின் கோவில்பட்டி, கயத்தாறு, எட்டயபுரம், விளாத்திகுளம், ஓட்டப்பிடாரம் பகுதிகளும், விருதுநகர் மாவட்டத்தின் சாத்தூர், அருப்புக்கோட்டை, விருதுநகர் பகுதிகளும் சேர்ந்தது தென்தமிழகத்தின் கரிசல் பூமி. 18ஆம் நூற்றாண்டின் இறுதியிலிருந்து 20ஆம் நூற்றாண்டு வரை நாட்டின் போக்கையே தொட்ட சில மனிதர்கள் இந்த வட்டாரத்தில் தோன்றினார்கள். வீரபாண்டிய கட்டபொம்மன், ஊமைத்துரை, சுப்பிரமணிய பாரதி, வ.உ.சிதம்பரம் பிள்ளை, காமராசர் ஆகியோர் அவர்களில் முதன்மையானவர்கள். அவர்கள் உயிரோடு இருந்தபோது செய்தவை ஒரு பாதி என்றால், இறந்த பிறகு அவர்கள் பெயரால் பிறர் செய்தவை இன்னொரு பாதி. இரண்டையும் சேர்த்துப் பார்த்தால்தான் இந்த வட்டாரத்தின் பொதுவாழ்வு விளங்கும்.

நிலமும் கிஸ்தியும்

கரிசல் மண் ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். கோடையில் பாளம் பாளமாக வெடிக்கும். வைப்பாறு உண்டு, ஆனால் ஆண்டில் பெரும்பகுதி அதில் மணல்தான். விவசாயம் மானாவாரி. வடகிழக்குப் பருவமழையை நம்பி விதைத்துப் பருத்தி, கம்பு, சோளம், உளுந்து, பாசிப்பயறு, மிளகாய், மல்லி எடுப்பார்கள். ஐப்பசி, கார்த்திகை பொய்த்தால் அந்த வருஷம் கையில் காசு இல்லை. இப்படிப்பட்ட நிலத்தில் குறித்த நாளில் குறித்த தொகையைக் கட்டு என்று ஓர் அரசு கேட்டால் தகராறு வராமல் இருக்காது. இங்கே தலைவர்களின் வரலாறு வரிப் பாக்கியிலிருந்து தொடங்குவது அதனால்தான்.

மதுரை நாயக்கர் ஆட்சியில் உருவான பாளையங்கள் ஆற்காட்டு நவாபின் கைக்குக் கீழே வந்தன. நவாப் பட்ட கடனுக்கு ஈடாக வரி வசூல் கும்பினியிடம், அதாவது ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கம்பெனியிடம், போனது. 1792ஆம் ஆண்டு உடன்படிக்கைக்குப் பின் பாளையக்காரர்களிடம் நேரடியாகக் கிஸ்தி வசூலிக்கும் உரிமை கும்பினிக்குக் கிடைத்தது. அதற்கு இரண்டாண்டு முன்புதான் பாஞ்சாலங்குறிச்சிப் பாளையத்தின் பொறுப்பைக் கட்டபொம்மன் ஏற்றிருந்தார்.

1798–1801

1798இல் பாக்கி விவகாரம் முற்றியது. கலெக்டர் ஜாக்சன் தன்னை வந்து பார்க்கும்படி கட்டபொம்மனுக்கு உத்தரவிட்டார். கட்டபொம்மன் போன இடமெல்லாம் பேட்டி மறுக்கப்பட்டது. குற்றாலத்தில் மறுத்து, ஊர் ஊராக அலைய வைத்து, கடைசியில் செப்டம்பர் மாதம் இராமநாதபுரத்தில்தான் ஜாக்சன் அவரைப் பார்த்தார். அங்கே மணிக்கணக்கில் நிற்க வைத்து விசாரித்தார். கணக்கைச் சரிபார்த்தபோது பெரும்பகுதி கட்டப்பட்டிருந்தது. மிச்சம் 1080 பகோடா. அதற்குப் பிறகும் கட்டபொம்மனைக் கைது செய்ய முயன்றபோது கைகலப்பு மூண்டது. கும்பினி அதிகாரி லெப்டினன்ட் கிளார்க் கொல்லப்பட்டார். கட்டபொம்மன் தப்பினார், அவருடைய தானாபதி சிவசுப்பிரமணிய பிள்ளை பிடிபட்டார்.

சமாதானத்துக்கு ஒரு வழி அப்போதும் திறந்திருந்தது. கட்டபொம்மன் சென்னைக்கு முறையிட, கவர்னர் எட்வர்ட் கிளைவின் அரசு விசாரணைக் குழு அமைத்தது. குழு ஜாக்சன் மீதுதான் குறை கண்டது. தானாபதி விடுதலையானார், ஜாக்சன் பதவியிழந்தார், லூஷிங்டன் புதிய கலெக்டரானார். ஒரு கலெக்டரின் ஆணவம் கிளப்பிய பகையை ஒரு நேர்மையான விசாரணை ஓரளவுக்குத் தணித்திருந்தது. அது நிலைக்கவில்லை. சிவகங்கை மருது சகோதரர்கள், திண்டுக்கல் கோபால நாயக்கர் முதலானோர் கும்பினிக்கு எதிராகக் கூட்டணி சேர்ந்துகொண்டிருந்தார்கள். கட்டபொம்மன் அதில் இணைந்தார். சிவகிரிப் பாளையத்தையும் சேர்க்க அவர் எடுத்த முயற்சியைக் கும்பினி நேரடிச் சவாலாகக் கொண்டது. 1799 மே 4 அன்று சீரங்கப்பட்டணத்தில் திப்பு சுல்தான் வீழ்ந்ததும் மைசூர்ப் போரில் கட்டுண்டு கிடந்த படைகள் தெற்கே திரும்பின. கரிசல் காட்டின் விதியை நிர்ணயித்ததில் மைசூர்க் களத்துக்கும் பங்கு உண்டு. உள்ளூர்க் கதைகளில் இது அதிகம் பேசப்படுவதில்லை.

கும்பினிப் படையின் மேஜர் பானர்மன் 1799 செப்டம்பர் தொடக்கத்தில் பாஞ்சாலங்குறிச்சியை முற்றுகையிட்டார். கோட்டை மண் கோட்டை. முதல் தாக்குதல் பலிக்கவில்லை. பாளையங்கோட்டையிலிருந்து கூடுதல் படை வந்த பிறகே கோட்டை காலியானது. தானாபதி மறுபடி பிடிபட்டு நாகலாபுரத்தில் தூக்கிலிடப்பட்டார். புதுக்கோட்டைக் காட்டுப்பகுதியில் ஒளிந்திருந்த கட்டபொம்மனைப் புதுக்கோட்டை மன்னர் தொண்டைமானின் ஆட்கள் பிடித்துக் கொடுத்தார்கள். அக்டோபர் 16 அன்று கயத்தாற்றில் மற்றப் பாளையக்காரர்களைக் கூட்டி வைத்து, அவர்கள் கண்ணெதிரே விசாரணை என்று ஒன்றை நடத்தி, பானர்மன் அவரைப் புளியமரத்தில் தூக்கிலிட்டார். அந்தக் கூட்டம் கூட்டப்பட்டதே பார்த்தவர்கள் நடுங்க வேண்டும் என்பதற்காகத்தான். பாளையங்களின் கோட்டைகளை இடிக்கவும் ஆயுதங்களை ஒப்படைக்கவும் உத்தரவு பிறந்தது.

நடுக்கம் பதினாறு மாதம்கூட நீடிக்கவில்லை. 1801 பிப்ரவரி 2 அன்று கட்டபொம்மனின் தம்பி ஊமைத்துரையைப் பாளையங்கோட்டைச் சிறையிலிருந்து அவருடைய ஆட்கள் மீட்டார்கள். சில நாட்களுக்குள் இடித்த கோட்டை மறுபடி எழும்பியது. கூலிக்கு ஆள் பிடித்து அவ்வளவு விரைவில் கட்ட முடியாது. சுற்றுப்புறச் சனம் முழுக்க இறங்கியிருக்க வேண்டும். கும்பினிப் படை அதிகாரி மெக்காலேயின் தாக்குதல்களைக் கோட்டை தாங்கியது. கர்னல் அக்னியு பெரும்படையோடு வந்த பிறகு, மே 24 அன்று விழுந்தது. வாய் பேச இயலாத ஊமைத்துரை மீது சனங்கள் வைத்திருந்த பற்றைக் கண்டு வியந்து எழுதியவர், அவரை எதிர்த்துக் களத்தில் நின்ற ஆங்கிலேயப் படை அதிகாரி ஜேம்ஸ் வெல்ஷ். 1830இல் வெளிவந்த அவருடைய நினைவுக் குறிப்புகளில் அந்தப் பகுதி இருக்கிறது. ஊமைத்துரை சிவகங்கைக்குப் போய் மருதுகளோடு சேர்ந்தார். அக்டோபர் 24 அன்று மருதுகள் திருப்பத்தூரிலும், நவம்பர் 16 அன்று ஊமைத்துரை பாஞ்சாலங்குறிச்சியிலும் தூக்கிலிடப்பட்டனர். கோட்டை தரைமட்டமாக்கப்பட்டது. அதே ஆண்டில் ஆற்காட்டு நவாபின் கர்நாடகப் பகுதி முழுவதும் கும்பினி ஆட்சிக்குள் வந்தது.

எட்டயபுரம் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். பாஞ்சாலங்குறிச்சிக்கும் எட்டயபுரத்துக்கும் எல்லைத் தகராறு பழையது. எட்டயபுரம் கும்பினிப் பக்கம் நின்றது, அதற்குரிய பலனும் பெற்றது, இதில் ஐயமில்லை. ஆனால் கட்டபொம்மனைப் பிடித்துக் கொடுத்தது எட்டயபுரம் என்று ஊரெல்லாம் நம்புவது சரியல்ல. அது புதுக்கோட்டை செய்த வேலை. எட்டயபுரத்தாரின் பெயரை வசைச்சொல்லாக்கி ஒரு வம்சத்தின் மீதும் ஓர் ஊரின் மீதும் முழுப் பழியையும் சுமத்தியது நியாயமல்ல.

எழுத்தும் கப்பலும்

அந்த எட்டயபுரத்தில்தான் 1882 டிசம்பர் 11 அன்று பாரதி பிறந்தார். தந்தை சின்னச்சாமி ஐயர் சமஸ்தான ஊழியர். கரிசல் பருத்தியை நம்பி ஊரில் ஆலை வைத்து நொடித்துப் போனவர். சொந்த வீட்டுப் பருத்தி ஆலை மூழ்கியதைப் பார்த்து வளர்ந்த பையன் பிற்காலத்தில் சுதேசியம் பேசியதில் வியப்பில்லை. 1904இல் ஜமீன் வேலையை விட்டு வெளியேறிய பாரதி, பத்திரிகையாளராகி, 1908 முதல் பத்தாண்டுகள் புதுச்சேரியில் அடைக்கலம் புகுந்து வாழ்ந்தார். முதல் உலகப் போரில் ஜெர்மனியிடம் வீழ்ந்த பெல்ஜியத்துக்கும், ஜார் ஆட்சி கவிழ்ந்த ரஷ்யாவுக்கும் அவர் கவிதை எழுதினார். உலகப் போரையும் புரட்சியையும் தன் சொந்தச் சங்கதியாக எடுத்துப் பாடும் பழக்கத்தைத் தமிழில் தொடங்கி வைத்தவர் அவர்.

பாஞ்சாலங்குறிச்சிக்கு வெகு அருகே உள்ள ஓட்டப்பிடாரத்தில் 1872 செப்டம்பர் 5 அன்று வ.உ.சி. பிறந்தார். அவர் வக்கீல். 1906இல் சுதேசி ஸ்டீம் நாவிகேஷன் கம்பெனியைத் தொடங்கி, தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் இடையே கப்பல் விட்டார். காலியா, லாவோ என்ற இரு கப்பல்கள் பிரிட்டிஷ் கம்பெனியின் ஏகபோகத்தை உலுக்கின. இதைவிட ஆழமானது, 1908 பிப்ரவரி இறுதியில் தூத்துக்குடி கோரல் மில் தொழிலாளர் வேலைநிறுத்தத்தை அவரும் சுப்பிரமணிய சிவாவும் முன்நின்று நடத்தியது. இரண்டு வாரத்துக்குள் நிர்வாகம் பணிந்தது, கூலி கூடியது. மார்ச் 12 அன்று வ.உ.சி. கைதானார். மறுநாள் திருநெல்வேலி கொந்தளித்தது. துப்பாக்கிச் சூட்டில் நால்வர் இறந்தார்கள். நீதிபதி பின்ஹே விதித்த தண்டனை மொத்தம் 40 ஆண்டு. மேல்முறையீட்டில் குறைந்து, 1912 டிசம்பரில் வ.உ.சி. வெளியே வந்தார். அதற்குள் கம்பெனி கலைந்து கப்பல் கைமாறியிருந்தது.

இடையில் 1911 ஜூன் 17 அன்று, கோவில்பட்டியிலிருந்து தெற்கே போகும் ரயில் பாதையில் உள்ள மணியாச்சி சந்திப்பில், கலெக்டர் ஆஷை வாஞ்சிநாதன் சுட்டுக் கொன்று தானும் சுட்டுக்கொண்டார். போலீஸ் கெடுபிடியில் மாவட்டத்தின் தேசிய இயக்கம் பல ஆண்டு ஒடுங்கிப் போனது. மில் தொழிலாளியின் கூலியையும் நாட்டு விடுதலையையும் ஒரே மேடையில் பேசிய வ.உ.சி.யின் வழியே இந்த வட்டாரத்துக்கு அதிகம் தந்தது என்பது என் முடிவு. பிற்காலத்தில் கோவில்பட்டியின் மில் தொழிலாளர்களும் தீப்பெட்டித் தொழிலாளர்களும் கரிசல் விவசாயிகளும் சங்கம் கட்டியது அந்த வழியில்தான்.

சாத்தூரிலிருந்து தில்லிக்கு

பருத்தி, மிளகாய் வணிகத்தில் வளர்ந்த விருதுநகரில் 1903இல் பிறந்த காமராசர், முதல்வராக இருந்தபோது 1957, 1962 தேர்தல்களில் நின்று வென்ற தொகுதி கோவில்பட்டிக்கு வடக்கே உள்ள சாத்தூர். பள்ளிப் பிள்ளைகளுக்கு மதிய உணவுத் திட்டத்தை அவர் எட்டயபுரத்தில் தொடங்கி வைத்தார். மழை தவறினால் கஞ்சிக்கு வழியில்லாத காட்டில், பிள்ளையைப் பருத்தி எடுக்க அனுப்பாமல் பள்ளிக்கு அனுப்ப ஒரு வேளைச் சோறு போதும் என்பதை அவர் அறிந்திருந்தார்.

1963 அக்டோபரில் முதல்வர் பதவியை விட்டு, அடுத்த ஆண்டு காங்கிரஸ் தலைவரானார். 1964 மே 27 அன்று நேரு இறந்தபோது, கட்சியில் மல்லுக்கட்டு நேராமல் எம்.பி.க்களிடம் கருத்துக் கேட்டு லால் பகதூர் சாஸ்திரியைப் பிரதமராக்கினார். 1965இல் பாகிஸ்தானுடன் போர். 1966 ஜனவரியில் தாஷ்கண்ட் உடன்படிக்கை. கையெழுத்திட்ட மறுநாள் சாஸ்திரி மரணம். மீண்டும் காமராசர் முன்நின்று இந்திரா காந்தியைக் கொண்டுவந்தார். போர் முடிந்த கையோடு பிரதமர் மறைந்த நாட்டில் ஆட்சி அமைதியாகக் கைமாறியது சாதாரண விஷயமல்ல. இத்தனைக்கும், 1967இல் சொந்த ஊர் விருதுநகரில் அவர் பெ.சீனிவாசன் என்ற மாணவர் தலைவரிடம் தோற்றார். அரிசித் தட்டுப்பாடும், 1965 இந்தி எதிர்ப்புப் போராட்டத்தில் நடந்த துப்பாக்கிச் சூடுகளும் சனங்கள் மனத்தில் இருந்தன.

பெயர்கள்

கட்டபொம்மன் முதலில் கதைப்பாடலிலும் கூத்திலும் வாழ்ந்தார். கால்டுவெல் 1881இல் எழுதிய திருநெல்வேலி வரலாறு கும்பினி ஆவணங்கள் வழியே அவரைப் பார்த்தது. ம.பொ.சி.யின் நூல் அவரை விடுதலை வீரராக நிறுத்தியது. 1959இல் பி.ஆர்.பந்துலு இயக்கத்தில் சிவாஜி கணேசன் நடித்த படம் அந்த உருவத்தை வீடுதோறும் கொண்டு சேர்த்தது. 1970இல் கயத்தாற்றில் சிவாஜி தன் செலவில் இடம் வாங்கிச் சிலை வைத்தார். 1974இல் அரசு பாஞ்சாலங்குறிச்சியில் நினைவுக் கோட்டை கட்டியது. அவரைக் கொள்ளைக்காரர் என்று வாதிட்டு எழுதியவர்களும் உண்டு. ஆவணம் இரண்டையும் முழுதாக ஆதரிக்கவில்லை. அவர் தன் பாளையத்துக்காகப் போராடிய பாளையக்காரர். அந்தப் போராட்டத்தில் கும்பினி ஆட்சியின் அநியாயத்தை முதலில் அடையாளம் கண்டவர்களில் ஒருவர்.

1980களில் அரசு மாவட்டங்களுக்குத் தலைவர்களின் பெயரைச் சூட்டியது. இந்த வட்டாரம் காமராசர் மாவட்டம், வ.உ.சிதம்பரனார் மாவட்டம், நெல்லை கட்டபொம்மன் மாவட்டம் என மூவர் பெயரில் அமைந்தது. பேருந்துக் கழகங்களுக்கும் பெயர்கள் வந்தன. ஆனால் அந்த ஆண்டுகளில் சாதி மோதல்கள் பெருகின. 1995 ஆகஸ்ட் 31 அன்று ஓட்டப்பிடாரம் வட்டாரக் கொடியங்குளத்தில் போலீஸ் படை புகுந்து பட்டியல் சாதி மக்களின் வீடுகளைச் சூறையாடியது. 1997இல் விருதுநகரைத் தலைமையிடமாகக் கொண்ட புதிய பேருந்துக் கழகத்துக்கு வீரன் சுந்தரலிங்கம் பெயர் வைக்கப்பட்டது. சுந்தரலிங்கம் பாஞ்சாலங்குறிச்சியை அடுத்த கவர்னகிரியில் பிறந்து, கட்டபொம்மனின் தளபதியாக நின்று உயிர்விட்ட தேவேந்திரகுல வீரர். பட்டியல் சாதியில் பிறந்தவரின் பெயர் எழுதிய பேருந்தில் ஏற மாட்டோம் என்று ஆதிக்க சாதியினர் ஒரு பகுதியினர் எதிர்த்தனர். பேருந்துகள் உடைந்தன, உயிர்கள் போயின. ஜூலையில் அரசு எல்லா மாவட்டங்களிலிருந்தும் கழகங்களிலிருந்தும் எல்லாத் தலைவர்களின் பெயர்களையும் நீக்கியது. ஒரே கோட்டையைக் காக்கச் செத்தவர்களில் ஒருவரின் பெயர் ஏற்கத்தக்கது, இன்னொருவரின் பெயர் ஏற்க முடியாதது என்று இருநூறு ஆண்டு கழித்து நின்றது வெட்கக்கேடு. அரசு எடுத்த முடிவு மோதலைத் தணித்தது. எதிர்த்தவர்கள் தவறு செய்தார்கள் என்று மட்டும் சொல்லாமல் விட்டது.

இந்த வட்டாரத்தின் பெரிய எழுத்தாளர் இடைசெவல் கி.ராஜநாராயணன் தலைவர்களைப் பற்றிக் குறைவாகவும் சம்சாரிகளைப் பற்றி நிறையவும் எழுதினார். சாகித்திய அகாதெமி விருது பெற்ற ‘கோபல்லபுரத்து மக்கள்’ நாவலில் விடுதலைப் போர் ஒரு கிராமத்துச் சனங்களின் பேச்சு வழியாக வந்து சேர்கிறது. 2021 மே மாதம் அவர் மறைந்தபோது இடைசெவலில் அரசு மரியாதையுடன் அடக்கம் நடந்தது.

பாஞ்சாலங்குறிச்சிக் கோட்டையைப் பார்க்கப் போகிறவர்கள் அதோடு திரும்பிவிட வேண்டாம். கவர்னகிரியும் பக்கத்தில்தான் இருக்கிறது. பிள்ளைகளை அழைத்துக்கொண்டு அங்கேயும் போங்கள். சுந்தரலிங்கம் யார், எதற்காக உயிர்விட்டார் என்பதையும் அவர்களுக்குச் சொல்லுங்கள்.