அரசர் ஆடி ஓய்ந்த பின்: பிரெஞ்சு அரசவையும் பாலேயின் உருவாக்கமும்

நடன வரலாற்று நூல்கள் பலவும் பாலேக்கு ஒரு பிறந்தநாள் குறித்து வைத்திருக்கின்றன: 1581 அக்டோபர் 15. அன்றிரவு பாரிசில், லூவ்ர் அரண்மனையை ஒட்டியிருந்த பெத்தி-பூர்போன் மண்டபத்தில் 'பாலே கொமீக் தெ லா ரென்' அரங்கேறியது. இக்கட்டுரைக்கு அந்தத் தேதியில் உடன்பாடில்லை. அன்று நடந்தது அரசவை விழா. அதன் கூறுகளும் ஏற்கெனவே புழக்கத்தில் இருந்தவை. பயிற்சிபெற்ற உடலை முன்னிறுத்தும் மேடைக்கலையாகிய பாலே உருப்பெற்றது, பிரபுக்களும் மன்னரும் ஆட்டத்தைவிட்டு விலகத் தொடங்கிய 1661க்கும் 1681க்கும் இடைப்பட்ட இருபதாண்டுகளில்தான். அரசவை அக்கலைக்குத் தந்தவற்றில் பெரும்பகுதி, அது விலகிய விதத்தின் வழியாகவே வந்து சேர்ந்தது.

முதலில் 1581. மூன்றாம் ஹென்றிக்கு நெருக்கமான ழுவாயேஸ் கோமகனுக்கும் அரசி லூயீசின் தங்கை மார்கரீத்துக்கும் நடந்த திருமண விழாக்களின் ஒரு பகுதி அது. அமைத்தவர் இத்தாலியிலிருந்து வந்த வயலின் கலைஞர் பல்தசார் தெ போஜுவாயோ. இரவு பத்து மணிக்குத் தொடங்கிய நிகழ்ச்சி விடியற்காலை மூன்றரை வரை நீண்டது. கதை, மனிதரை விலங்காக்கும் மாயக்காரி சிர்சேயைப் பற்றியது. 1582இல் அச்சான நூலில் உள்ள செதுக்குப்படம் நம் வாதத்துக்கு முக்கியமான சான்று. படத்தின் முன்பகுதியில் நமக்கு முதுகு காட்டி மன்னர் அமர்ந்திருக்கிறார். மறுகோடியில் சிர்சேயின் தோட்டம். பக்கங்களில் இரண்டு அடுக்கு மாடங்களில் பார்வையாளர்கள். மேடை என்று ஒன்று கிடையாது. ஆட்டக்களம் மண்டபத்தின் தரைதான். அரசியும் அவருடைய தோழியரும் நீர்த்தேவதைகளாக வந்து, முடிவில் நாற்பது வடிவக்கணித உருவங்களை ஆடிக் காட்டினார்கள். மாடத்திலிருந்து குனிந்து பார்ப்பவருக்கு அது தரையில் ஒவ்வொன்றாக மாறும் கோலம். தனியொருவரின் கால்வீச்சோ தாவலோ அங்கே கவனிக்கத் தக்கதாக இருந்திருக்காது. சிர்சேயின் மந்திரக்கோல் கடைசியில் மன்னர் கைக்குப் போய்ச் சேர்ந்தது. கதையின் நோக்கமும் அதுதான்.

இதற்கு எட்டாண்டுகளுக்கு முன்பே, 1573இல், ஹென்றியைப் போலந்தின் மன்னராக அழைக்க வந்த தூதர்களுக்காக அவருடைய தாய் கத்தரீன் தெ மெதிசி இத்தகைய ஆட்டம் ஒன்றை நடத்தினார். பதினாறு பெண்கள் பிரான்சின் பதினாறு மாகாணங்களாக வந்தார்கள். அதற்கும் முந்தைய ஆண்டு ஆகஸ்டில், கத்தோலிக்க இளவரசி மார்கரீத்தை புராட்டஸ்டன்ட் தலைவர் நவார் ஹென்றிக்கு மணமுடித்த விழாக்களிலும் ஆட்டம் உண்டு. ஒரு வாரத்துக்குள் புனித பர்த்தலோமியு நாள் படுகொலை நடந்தது. அரங்கில் காட்டிய இணக்கத்துக்கும் தெருவில் ஓடிய இரத்தத்துக்கும் இடையே இத்தனை குறைந்த தூரம் என்பதை நடன வரலாறுகள் சற்றே மென்று விழுங்குகின்றன.

வரலாற்றாசிரியர் ஃபிரான்சஸ் யேட்ஸ் 1947இல் எழுதிய ஆய்வில், கவிஞர் பாஈஃப் 1570இல் நிறுவிய கவிதை-இசைக் கழகத்தின் சிந்தனையோடு 1581ஆம் ஆண்டு நிகழ்ச்சியைப் பொருத்திப் பார்த்தார்: வானத்தின் ஒழுங்கு தரையில் இறங்கினால் நாட்டிலும் அமைதி வரும் என்ற நம்பிக்கை. அந்த விழாவைப் புரிந்துகொள்ள இந்த விளக்கம் பெரிதும் உதவுகிறது. ஆனால் பின்னாளில் பாலேயின் அடையாளமான உடல் நுட்பம் எங்கிருந்து வந்தது என்ற கேள்விக்கு அதில் விடையில்லை.

விடை தேட பதினான்காம் லூயியிடம் வரவேண்டும். அரசுக்கு எதிரான ஃப்ரோந்து கலகம் அடங்கி, முதலமைச்சர் கர்தினால் மசாரின் பாரிசுக்குத் திரும்பிய அதே 1653 பிப்ரவரியில், 23ஆம் தேதி, அதே பெத்தி-பூர்போன் மண்டபத்தில் 'இரவின் பாலே' ஆடப்பட்டது. பதினான்கு வயது மன்னர் பல வேடங்களில் வந்து இறுதியில் உதயசூரியனாக நின்றார். எஞ்சியிருக்கும் உடை வரைபடத்தில் தலையைச் சுற்றிக் கதிர்கள், மார்பில் பொன்சூரியன், முழங்காலிலும் காலணியிலும்கூடக் கதிர்கள். 1581இல் அமர்ந்து பார்த்த மன்னர், இப்போது பார்க்கப்படுகிறவர் ஆகிவிட்டார். கண்கள் குழுவின் கோலத்தை விட்டு ஓர் உடலின் மேல் குவிந்தன. அந்த உடல் தவறக்கூடாது. ஆகவே நாள்தோறும் பயிற்சி. மன்னருக்கு ஆட்டம் கற்பித்த பியேர் போஷானின் பெயரோடுதான் கால்களின் ஐந்து நிலைகள் இன்றும் இணைத்துப் பேசப்படுகின்றன.

மன்னர் உயர்த்திய தரம் பிரபுக்களுக்கு எட்டாமல் போனது. 1661இல் நடனத்துக்கான அரசக் கழகத்தை நிறுவிய ஆணையே, போர்க் குழப்பங்களில் நடனம் சீரழிந்துவிட்டது, அவையில் ஆடத்தக்கவர் அருகிவிட்டனர் என்று காரணம் சொல்கிறது. கழகத்தில் இடம்பெற்ற பதின்மூன்று பேரும் தொழில்முறை ஆசிரியர்கள். இசைக்கலைஞர்களின் புனித ஜூலியன் சங்கத்துக்கு இது பெரிய அடி. அதன் தலைவர் துமனுவார் 1664இல் இசையையும் நடனத்தையும் பிரிப்பது தகாது என்று ஒரு நூலே எழுதினார். சங்கத்தின் வருமானம் அதில் மறைந்திருக்கும் கவலை என்றாலும், அவர் கண்ட ஆபத்து மெய்தான்: நடனம் தனித்தொழிலாகிக்கொண்டிருந்தது. மன்னரும் 1670 வாக்கில் ஆடுவதை நிறுத்திக்கொண்டார். இரண்டாண்டில் இசையமைப்பாளர் லூலியின் கைக்கு ஓபரா வந்தது. அங்கே காசு கொடுத்து நுழையும் நகரத்தார் எதிரே அமர்ந்து பார்த்தார்கள்.

1681 ஒரு சோதனைக்கூடம் போலவே நமக்கு உதவுகிறது. 'காதலின் வெற்றி' என்ற லூலியின் படைப்பு சனவரியில் சேன்-ஜெர்மேன் அரண்மனையில் ஆடப்பட்டபோது பட்டத்து இளவரசரின் மனைவி உள்ளிட்ட அரசகுலப் பெண்கள் ஆடினார்கள். அதே ஆண்டு மே மாதம் பாரிஸ் ஓபராவில் அதே படைப்பை ஏற்றியபோது அந்த இடங்களுக்கு லா ஃபொந்தேன் முதலிய தொழில்முறைப் பெண்கள் வந்தார்கள். அதுவரை ஓபரா மேடையில் பெண் பாத்திரங்களை முகமூடியிட்ட ஆண்களே ஆடினர். இசை மாறவில்லை, கதை மாறவில்லை. ஆடும் உடல் மட்டும் வேறு வகுப்பினருடையது. அரச நடையைப் பிழைப்புக்காகக் கற்றவர்கள் அரசகுலத்தாருக்குப் பதிலாக நின்றார்கள். பாலேக்குத் தேதி குறித்தே ஆகவேண்டும் என்றால், நான் இந்த மாற்றத்தைக் குறிப்பேன்.

இத்தனை கூர்மையான பிரிவு இல்லை, 1700இல் ஃபெய்யே வெளியிட்ட நடனக் குறியீட்டு நூலிலும் தரைக்கோலமே முதன்மை பெறுகிறது என்று மறுக்கலாம். மறுப்பில் பாதி உண்மை உண்டு. அந்தக் குறியீட்டில் தாளே தரை. ஆடுபவரின் பாதை கோடாக ஓடுகிறது. ஆனால் கோட்டின் மேல் ஒவ்வொரு அடிக்கும் வளைவும் எழுச்சியும் துள்ளலும் சிறு கீற்றுகளாகக் குறிக்கப்பட்டுள்ளன. 1582 நூலின் படங்களில் இவற்றுக்கு இடமே இல்லை. தாளின் மேல்விளிம்பு முன்பக்கம்: நடன விருந்தில் மன்னர் அமரும் இடம், அரங்கில் பார்வையாளர் அமரும் இடம். இரண்டையும் ஒரே விளிம்பில் வைக்க முடிந்தது என்பதே, நாற்காலியில் யார் இருந்தாலும் ஆட்டம் அதே திசையை நோக்கியே நடக்கும் நிலை வந்துவிட்டதற்குச் சான்று. இக்குறியீட்டை மன்னரின் ஆணைப்படி தானே உருவாக்கியதாக 1704இல் முறையிட்ட போஷான், மன்னரின் பழைய ஆசான் மட்டுமல்லர். ஓபராவில் ஊதியம் பெற்று நடனம் அமைத்தவர். 1713இல் ஓபரா தனக்கென ஒரு நடனப் பள்ளியை ஏற்படுத்திக்கொண்டபோது, ஆடுவதற்கு அரண்மனையிலிருந்து ஆள் வரவேண்டிய தேவையும் தீர்ந்துபோயிற்று.