உடைத்தது யார்?

2005 ஆகஸ்ட் மாதத்தின் கடைசி வாரம் நியூ ஆர்லியன்ஸ் மேயர் ரே நேகினுக்கு வாய்த்த மாதிரி இன்னொருவருக்கு வாய்க்கக் கூடாது. 28ம் தேதி ஞாயிற்றுக்கிழமை காலை, எல்லோரும் ஊரைக் காலி செய்யுங்கள் என்று கட்டாய உத்தரவு போட்டார். திங்கள் விடிகிற நேரத்தில் கத்ரீனா புயல் கரையைத் தொட்டுவிட்டது. நடுவே முழுசாக ஒரு நாள்கூட இல்லை. கார் வைத்திருந்தவர்கள் கிளம்பிவிட்டார்கள். கார் இல்லாதவர்கள், கிழவர்கள், நோயாளிகள், மாதக் கடைசியில் கையில் காசில்லாதவர்கள் என்று ஏறத்தாழ ஒரு லட்சம் பேர் ஊரிலேயே தங்கிவிட்டார்கள். பெரும்பாலும் கறுப்பினத்தவர்கள்.

இவர்களை ஏற்றிக்கொண்டு போயிருக்க வேண்டிய பள்ளிக்கூடப் பேருந்துகள் வரிசையாக, மஞ்சள் மஞ்சளாகத் தண்ணீரில் முழுகி நின்ற படம் உலகம் முழுக்கப் பத்திரிகைகளில் வந்தது. நேகின் ஜனநாயகக் கட்சிக்காரர். குடியரசுக் கட்சிக்காரர்களுக்கு அந்த ஒரு படம் போதாதா? பிடித்துக்கொண்டார்கள்.

எதிர்த்தரப்புக்கும் படம் கிடைக்காமல் போகவில்லை. புதன்கிழமை, ஜனாதிபதி ஜார்ஜ் புஷ் விடுமுறையை முடித்துக்கொண்டு டெக்ஸாஸிலிருந்து வாஷிங்டன் திரும்புகிற வழியில், விமான ஜன்னலோரம் உட்கார்ந்தபடி மூழ்கிய நகரத்தைக் குனிந்து பார்த்தார். எடுத்தார்கள் ஒரு போட்டோ. மனிதருக்கு அது ஆயுசுக்கும் போதுமானதாகிவிட்டது.

அப்புறம் மைக்கேல் பிரவுன். ஃபீமா என்கிற மத்தியப் பேரிடர் நிவாரண அமைப்பின் தலைவர். அதற்கு முன்னால் சுமார் பத்து வருஷம் அரேபியக் குதிரைகள் சங்கத்தில் உத்தியோகம் பார்த்தவர். நகரத்தின் மாநாட்டு அரங்கத்தில் சுமார் இருபதாயிரம் பேர் சோறு தண்ணீர் இல்லாமல் கிடப்பதைத் தொலைக்காட்சியில் தேசமே பார்த்துக்கொண்டிருந்தது. பிரவுனோ, அந்த விஷயம் இன்றைக்குத்தான் எனக்குத் தெரியும் என்று வியாழக்கிழமை பேட்டி கொடுத்தார். மறுநாளே புஷ் அவர் முதுகில் தட்டி, பிரமாதமாக வேலை பார்க்கிறாய் என்றார். பத்து நாளில் பிரவுன் ராஜினாமா.

லூசியானா மாநிலத்தின் கவர்னர் கேத்லீன் பிளாங்கோவையும் விடவில்லை. ராணுவத்தை யார் கட்டுப்பாட்டில் வைப்பது என்று அவரும் வெள்ளை மாளிகையும் கடிதம் எழுதிக்கொண்டிருந்த நேரத்தில் ஜனங்கள் கூரை மீது நின்று துணியை ஆட்டிக்கொண்டிருந்தார்கள். 2007ல், மறுபடி நான் தேர்தலில் நிற்கப்போவதில்லை என்று அவர் ஒதுங்கிக்கொண்டார். நேகின்? 2006 தேர்தலில் ஜெயித்தார். பிறகு லஞ்ச வழக்கில் மாட்டி 2014ல் பத்து வருஷச் சிறைத் தண்டனை வாங்கினார். பேருந்து விவகாரத்துக்கும் அந்த வழக்குக்கும் சம்பந்தமில்லை.

ஆக, பழி சுமக்க ஆள் பஞ்சமே இல்லை. சுமந்தவர்களில் யாரும் உத்தமர்களும் இல்லை. ஆனால் ஒரு விஷயத்தைக் கவனியுங்கள். மேலே சொன்ன அத்தனை சண்டையும் தண்ணீர் ஊருக்குள் வந்த பிறகு யார் என்ன செய்தார்கள், செய்யவில்லை என்பது பற்றியது. தண்ணீர் ஏன் வந்தது?

புயல் அடித்தால் தண்ணீர் வரத்தானே செய்யும் என்பீர்கள். அங்கேதான் விஷயம் இருக்கிறது.

நியூ ஆர்லியன்ஸ் ஒரு கிண்ணம் மாதிரி. பெரும்பகுதி கடல் மட்டத்துக்குக் கீழே. தெற்கே மிசிசிபி ஆறு, வடக்கே பாண்ட்சார்ட்ரெய்ன் என்கிற கடலளவு ஏரி. மழை பெய்தால் தண்ணீர் தானாக ஓடாது. பம்ப் வைத்து இறைத்து, கால்வாய்கள் வழியே ஏரியில் கொண்டுபோய்க் கொட்ட வேண்டும். இதில் ஓர் ஆபத்து உண்டு. புயல் நேரத்தில் ஏரி பொங்கினால், அதே கால்வாய் வழியாகத் தண்ணீர் திரும்பி நடு ஊருக்கே வந்துவிடும். 17வது தெருக் கால்வாயும் லண்டன் அவென்யூ கால்வாயும் அப்படிப்பட்டவை.

தடுக்க இரண்டு வழி. கால்வாய் ஏரியில் சேருகிற வாசலில் கதவு போடலாம். அல்லது கால்வாயின் இரண்டு பக்கமும் மைல் கணக்கில் சுவர் எழுப்பலாம். ராணுவப் பொறியாளர் படை கதவு போடலாம் என்றது. கதவை மூடினால் மழைத் தண்ணீரை எங்கே இறைப்பது என்று உள்ளூர் அமைப்புகள் எதிர்த்தன. 1990களின் தொடக்கத்தில் அமெரிக்க நாடாளுமன்றம் தலையிட்டு, சுவரே கட்டுங்கள் என்றது. கட்டியது அதே பொறியாளர் படைதான்.

சுவர் நிற்க வேண்டுமானால் அதன் அடியில் எஃகுத் தகடுகளைச் சதுப்பு மண்ணுக்குள் ஆழமாக இறக்க வேண்டும். எவ்வளவு ஆழம்? 1985ல் அட்சஃபலாயா ஆற்றுப் படுகையில் மாதிரிச் சுவர் ஒன்று கட்டித் தண்ணீரை நிரப்பிப் பார்த்தார்கள். தண்ணீரின் அழுத்தத்தில் சுவர் கொஞ்சம் சாயும். சாய்ந்தால் சுவருக்கும் மண்ணுக்கும் நடுவே ஒரு பிளவு விழும். அந்தப் பிளவில் தண்ணீர் இறங்கினால் ஆளைக் கெல்லித் தள்ளுகிற மாதிரி சுவரைத் தள்ளிவிடும். சோதனையிலோ, தண்ணீர் கசியாமலிருக்க அந்த இடத்தைத் தார்ப்பாய் போட்டு மூடியிருந்தார்கள். பிளவுக்குள் தண்ணீர் போனால் என்னாகும் என்பது கணக்கிலேயே வரவில்லை. 17 அடி இறக்கினால் போதும் என்று முடிவு செய்தார்கள். 31 முதல் 46 அடி வரை இறக்கியிருக்க வேண்டும் என்கிறது 2015ல் வெளிவந்த ஒரு பொறியியல் ஆய்வு. அந்தத் தவறான கணக்கில் மிச்சமான தொகை சுமார் 10 கோடி டாலர்.

காமர்ஸ் படித்தவனுக்கு இந்த இடத்தில் கை துறுதுறுக்கும். மிச்சம் பிடித்தது 10 கோடி. கத்ரீனா மொத்தமாக வைத்துவிட்டுப் போன சேதம் சுமார் 12,500 கோடி டாலர். பக்கத்து மாநிலத்தையெல்லாம் கழித்துவிட்டு நகரத்தின் பங்கை மட்டும் எடுத்தால்கூட, இப்படி ஒரு சிக்கனத்தை எந்த ஆடிட்டரும் பார்த்திருக்க மாட்டார்.

அந்தக் காலையில் 17வது தெருக் கால்வாயிலும் லண்டன் அவென்யூ கால்வாயிலும் தண்ணீர் சுவரின் உச்சியைத் தொடவே இல்லை. அதற்கு முன்பே சுவர்கள் சரிந்துவிட்டன. நகரத்தில் ஐந்தில் நான்கு பங்கு மூழ்கியது. பம்ப் வைத்து முழுக்க இறைத்து முடிக்க அக்டோபர் ஆகிவிட்டது. புயலில் இறந்தவர்கள் 1,833 பேர் என்று வெகுகாலம் சொல்லிக்கொண்டிருந்தார்கள். 2023ல் அமெரிக்கப் புயல் ஆய்வு மையம் அதை 1,392 என்று திருத்தியது. செத்தவர்களை எண்ணி முடிக்கவே பதினெட்டு வருஷம்.

இதெல்லாம் யாருக்கும் தெரியாமல் நடந்ததா என்றால், இல்லை. 2002ல் உள்ளூர் நாளிதழான டைம்ஸ் பிக்கயூன், இப்படி ஒரு புயல் வந்தால் ஊர் என்னவாகும் என்று நீண்ட தொடரே எழுதியிருந்தது. 2004 ஜூலையில் 'பாம்' என்று கற்பனையாக ஒரு புயலுக்குப் பெயர் வைத்து, ஐந்து நாள் உட்கார்ந்து ஒத்திகை பார்த்தார்கள் அதிகாரிகள். தொடர் கூட்டங்களில் ஒன்று, பயணச் செலவுக்குப் பணமில்லை என்று தள்ளிப்போனது. அதன் பிறகும், கரை உடையும் என்று யாரும் எதிர்பார்க்கவில்லை என்று சொல்ல ஒரு ஜனாதிபதிக்கு மனசு வந்தது.

இன்னும் பின்னால் போக வேண்டும். 1965 செப்டம்பரில் பெட்ஸி என்றொரு புயல் இதே ஊரை மூழ்கடித்தது. மறுநாளே ஜனாதிபதி லிண்டன் ஜான்சன் வந்துவிட்டார். அகதி முகாமாகியிருந்த ஒரு பள்ளிக்கூடத்தில் மின்சாரம் இல்லை. டார்ச் விளக்கைத் தன் முகத்தில் அடித்துக்காட்டி, நான்தான் உங்கள் ஜனாதிபதி, உதவி செய்ய வந்திருக்கிறேன் என்றார். அரசியல்வாதி என்றால் அப்படி இருக்க வேண்டும். சும்மா சொல்லக் கூடாது, அடுத்த மாதமே நகரத்தைச் சுற்றிக் கரை கட்டும் திட்டத்துக்கு அனுமதியும் வந்தது. செலவு 8.5 கோடி டாலர், காலம் 13 வருஷம்.

நாற்பது வருஷம் கழித்துக் கத்ரீனா வந்தபோது அந்தத் திட்டம் முடிந்திருக்கவில்லை. மதிப்பீடு 73.8 கோடி டாலராக ஏறியிருந்தது. 2015ல் முடியும் என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள். ஜான்சனுக்குப் பிறகு வந்த நிக்ஸன், ஃபோர்டு, கார்ட்டர், ரீகன், சீனியர் புஷ், கிளின்டன், ஜூனியர் புஷ் என்று ஏழு பேரில் இரண்டு கட்சியும் உண்டு.

நடுவில் 1977ல், ஏரி வாசலில் தடுப்பு கட்டும் முதல் திட்டத்துக்குச் சுற்றுச்சூழல் அமைப்பு ஒன்று கோர்ட்டில் தடை வாங்கியது. கத்ரீனாவுக்குப் பிறகு, பார்த்தீர்களா, இவர்களால்தான் ஊர் மூழ்கியது என்று ஒரு கோஷ்டி கிளம்பியது. பொறியாளர் படை அதிகாரிகளோ, அந்தத் திட்டப்படி கட்டியிருந்தால் ஊருக்குள் கரைகள் இன்னும் தாழ்வாக இருந்திருக்கும், சேதம் கூடியிருக்கும் என்றார்கள். கோஷ்டி அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. உள்ளூர்க் கரை வாரியத்தின் கதை தனி. கரைகளைப் பராமரிப்பது அதன் வேலை. அது படகுத்துறை நடத்தியது, விமான நிலையம் நடத்தியது, அலங்கார நீரூற்று ஒன்றைப் பழுதுபார்க்கச் சுமார் 24 லட்சம் டாலர் செலவழித்தது. டிவியில் இதைக் காட்டியபோது ஜனங்கள் கொதித்துப்போனார்கள். நியாயம்தான். ஆனால் சுவரின் ஆழத்தை 17 அடி என்று தீர்மானித்தது அந்த வாரியமல்ல.

தீர்மானித்த பொறியாளர் படை 2006ல் ஆறாயிரம் பக்கத்துக்கு மேல் ஓர் அறிக்கை வெளியிட்டது. வடிவமைப்பில் தவறு நேர்ந்துவிட்டது என்று அதன் தளபதி கார்ல் ஸ்ட்ராக் வெளிப்படையாக ஒப்புக்கொண்டார். அரசாங்கத்தில் அபூர்வமான காரியம். பாராட்டலாம். ஒப்புக்கொண்டாயிற்று அல்லவா, நஷ்ட ஈடு கொடுங்கள் என்று வழக்குகள் குவிந்தன. கிட்டத்தட்ட 4 லட்சத்து 89 ஆயிரம் கோரிக்கைகள். ஒருவர் கேட்ட தொகையில் மூன்றுக்குப் பக்கத்தில் பதினைந்து இலக்கம். அமெரிக்காவையே விற்றாலும் தேறாது.

யாருக்கும் அஞ்சு பைசா பெயரவில்லை. காரணம், 1928ம் வருஷத்துச் சட்டத்தில் ஒரு வரி.

1927ல் மிசிசிபி வரலாறு காணாத வெள்ளம் கண்டது. ஆறு லட்சம் பேருக்கு மேல் வீடிழந்தார்கள். நியூ ஆர்லியன்ஸ் நகரத்து வங்கி முதலாளிகள், ஊருக்குத் தண்ணீர் வந்தால் முதலீடு போச்சே என்று பயந்தார்கள். கவர்னரைச் சம்மதிக்கவைத்து, ஏப்ரல் 29ம் தேதி, ஊருக்குக் கீழே கர்னார்வன் என்ற இடத்தில் ஆற்றின் கரையை டைனமைட் வைத்துத் தகர்த்தார்கள். வெள்ளம் செயின்ட் பெர்னார்ட், பிளாக்மின்ஸ் பகுதிகளின் ஏழை ஜனங்கள் மீது பாய்ந்தது. முழு நஷ்ட ஈடு உண்டு என்று வாக்குக் கொடுத்திருந்தார்கள். கொடுத்தது சொற்பம். பெரிய கொடுமை, தகர்த்திருக்கவே தேவையில்லை. ஆற்றின் மேல்பகுதியில் கரைகள் தாமாகவே உடைந்து நகரத்துக்கு ஆபத்து நீங்கிவிட்டது. (அந்த வருஷம் நிவாரணப் பணிகளை மேற்பார்த்த வணிகத்துறை அமைச்சர் ஹெர்பர்ட் ஹூவர், அடுத்த வருஷம் ஜனாதிபதித் தேர்தலில் ஜெயித்தார். வெள்ளத்தில் எல்லோரும் மூழ்கிவிடுவதில்லை.)

2005ல் கீழ் ஒன்பதாம் வார்டில் சுவர் உடைந்தபோது குண்டு வெடித்த மாதிரி சத்தம் கேட்டதாகப் பலர் சொன்னார்கள். எங்களை மூழ்கடிக்க வேண்டுமென்றே வெடி வைத்தார்கள் என்று நம்பினார்கள். வெடிக்கு எந்த ஆதாரமும் கிடைக்கவில்லை. பைத்தியக்கார வதந்தி என்று ஊடகங்கள் சிரித்தன. ஒருமுறை நிஜமாகவே வெடி வைத்த ஊர் அது. சிரித்தவர்களில் எத்தனை பேருக்கு அது தெரியும்?

1927 வெள்ளத்துக்குப் பிறகு, மிசிசிபி நெடுகிலும் கரை கட்டும் பொறுப்பை மத்திய அரசு ஏற்றுக்கொண்டது. ஏற்றுக்கொண்ட அதே சட்டத்தில், வெள்ளத்தால் எங்கே என்ன சேதம் வந்தாலும் அரசைப் பொறுப்பாக்க முடியாது என்று எழுதிவைத்துக்கொண்டது. எண்பது வருஷம் கழித்து, 2008 ஜனவரியில், நீதிபதி ஸ்டான்வுட் டுவால் முன்னால் கால்வாய்ச் சுவர் வழக்கு வந்தது. போதாது என்று தெரிந்தே கட்டி ஏராளமான பணத்தைப் பாழடித்திருக்கிறார்கள் என்று பொறியாளர் படையைத் தீர்ப்பில் பிளந்து கட்டினார். பிளந்து கட்டிவிட்டு வழக்கைத் தள்ளுபடி செய்தார். சட்டம் அப்படி. கப்பல்களுக்காக வெட்டிய இன்னொரு கால்வாய் சம்பந்தப்பட்ட வழக்கில் 2009ல் அதே நீதிபதி அரசுக்கு எதிராகத் தீர்ப்பளித்தார். மேல்முறையீட்டு நீதிமன்றம் 2012 மார்ச்சில் அதை உறுதி செய்தது. ஆறே மாதத்தில் அதே நீதிபதிகள் மனசு மாறித் தீர்ப்பைப் புரட்டிப்போட்டார்கள்.

கத்ரீனாவுக்குப் பிறகு சுமார் 1,450 கோடி டாலரில் புதிய தடுப்புகள் எழும்பின. 2018ல் கால்வாய்களின் வாசலில் கதவும் பம்பும் சேர்ந்தே வந்துவிட்டன. 1990களில் வேண்டாம் என்று ஒதுக்கிய அதே இடம். 2021ல் சரியாக அதே ஆகஸ்ட் 29ம் தேதி ஐடா புயல் வந்தது. சுவர்கள் நின்றன. ஆனால் 2019லேயே பொறியாளர் படை ஓர் அறிவிப்பு வெளியிட்டிருந்தது. மண் தாழ்கிறது, கடல் ஏறுகிறது, இன்னும் சில வருஷங்களில் இந்த உயரம் பற்றாது, கரைகளை மறுபடி உயர்த்த வேண்டும் என்று. 1928ன் அந்த ஒரு வரியைத் திருத்த வேண்டும் என்று மட்டும் நாடாளுமன்றத்துக்கு இதுவரை தோன்றவில்லை.