நால்விமான அணியும் சென்னை மாகாணப் படைப்பிரிவுகளும்: வெர்னர் மோல்டர்ஸின் போர்ப்பணியை முன்வைத்து

இரண்டாம் உலகப் போரில் பிரிட்டனின் அரச விமானப்படையைச் சேர்ந்த 79, 234, 264 ஆகிய எண்களுடைய மூன்று படைப்பிரிவுகள் தம் எண்ணோடு ‘சென்னை மாகாணம்’ என்னும் பெயரையும் சேர்த்துத் தாங்கின. படைப்பிரிவு என்பது ஒரே தளபதியின்கீழ் ஒரே தளத்திலிருந்து இயங்கும், ஏறத்தாழப் பன்னிரண்டு முதல் பதினாறு விமானங்களைக் கொண்ட ஸ்குவாட்ரன் என்னும் அமைப்பு. மாகாணத்தில் திரட்டப்பட்ட போர் நிதிக்கு நன்றியாக இப்பெயர் அளிக்கப்பட்டது. தென்காசியும் குற்றாலமும் அன்றைய திருநெல்வேலி மாவட்டத்து ஊர்களாக இருந்தமையால் இப்பெயருக்குள் அடங்கின. மேற்கே சில கல் தொலைவிலுள்ள செங்கோட்டை அப்போது திருவிதாங்கூர் அரசுக்கு உட்பட்டிருந்தமையால் அடங்கவில்லை. இப்படைப்பிரிவுகள் ஐரோப்பிய வானில் எதிர்கொண்ட ஜெர்மன் வேட்டை விமானப்படையின் போர்முறையை உருவாக்கியவர்களுள் முதன்மையானவர் வெர்னர் மோல்டர்ஸ். அவருடைய போர்க்கால வாழ்வையும் இப்படைப்பிரிவுகளின் வரலாற்றையும் அருகருகே வைத்துப் பார்க்கும்போதுதான், நிதியால் வாங்க முடிந்தது எது, வாங்க முடியாதது எது என்பது புலப்படுகிறது.

நிதி திரட்டப்பட்ட சூழலை முதலில் குறிப்பிட வேண்டும். இந்திய மக்களின் பிரதிநிதிகளைக் கலந்து பேசாமலே 1939 செப்டம்பரில் இந்தியா போரில் சேர்க்கப்பட்டதைக் கண்டித்து, இராஜாஜியின் தலைமையிலான காங்கிரஸ் அமைச்சரவை அக்டோபரில் பதவி விலகியது. அதன்பின் மாகாணத்தை ஆளுநரே ஆலோசகர்களைக் கொண்டு ஆண்டார். ஒரு ஸ்பிட்ஃபயர் விமானத்துக்குப் பெயரளவு விலையாக 5,000 பவுன் குறிக்கப்பட்டிருந்தது. ரூபாய்க்கு ஒரு ஷில்லிங் ஆறு பென்ஸ் என்னும் அன்றைய மாற்று விகிதப்படி இது ஏறத்தாழ 66,700 ரூபாய். நாட்கூலியை அணாக் கணக்கில் பெற்ற உழவர்கள் நிறைந்த ஒரு மாகாணத்தில் இத்தகைய தொகைகள் திரட்டப்பட்ட அதே 1940ஆம் ஆண்டில்தான், போருக்கு ஆளும் பணமும் தரலாகாது என்று கூறி வினோபா பாவே அக்டோபர் 17 அன்று தனிநபர் சத்தியாக்கிரகத்தைத் தொடங்கினார். ஆகவே விமானங்களின்மீது எழுதப்பட்ட மாகாணத்தின் பெயர், தேர்ந்தெடுக்கப்பட்ட சட்டமன்றம் எதன் இசைவையும் பெற்ற பெயர் அன்று என்பதை மனத்திற்கொண்டே இவ்வரலாற்றை அணுகுதல் தகும்.

வெர்னர் மோல்டர்ஸ் 1913 மார்ச் 18 அன்று ஜெர்மனியின் கெல்சென்கிர்ஹன் நகரில் பிறந்தார். கத்தோலிக்கக் குடும்பத்தைச் சேர்ந்த அவர் 1931இல் காலாட்படையில் சேர்ந்து, பின்னர் விமானப் பயிற்சிக்கு விண்ணப்பித்தபோது, பறக்கையில் தலைச்சுற்றலும் குமட்டலும் ஏற்பட்டமையால் முதலில் தகுதியற்றவராக ஒதுக்கப்பட்டார்; விடாமுயற்சியால் அதைக் கடந்தே விமானியானார். 1938இல், ஸ்பானிய உள்நாட்டுப் போரில் பிராங்கோவுக்கு ஆதரவாக ஹிட்லர் அனுப்பியிருந்த காண்டோர் படையில் சேர்ந்து, அடால்ஃப் கேலண்ட் என்பவரிடமிருந்து ஒரு வேட்டை விமானப் பிரிவின் தலைமையைப் பெற்றார். இதே காண்டோர் படைதான் ஓராண்டுக்கு முன், 1937 ஏப்ரல் 26 அன்று, கெர்னிகா நகரைக் குண்டுவீசி அழித்தது. மோல்டர்ஸ் அப்போது ஸ்பெயினில் இல்லை. எனினும் அப்படையின் பெயர் அவருடைய பெயரோடு பிற்காலத்தில் பிரிக்க முடியாதபடி ஒட்டிக்கொண்டது.

ஸ்பெயினில் அவர் வீழ்த்தியதாகக் கணக்கிடப்பட்ட விமானங்கள் 14. இவ்வெண்ணைவிட அங்கே உருவான பறக்கும் ஒழுங்கே வரலாற்றில் நிலைத்தது. அக்காலத்துப் பெரும்பாலான விமானப்படைகளில் மூன்று விமானங்கள் அம்பு முனைபோல் நெருங்கிப் பறப்பதே வழக்கம். இவ்வொழுங்கில் முன்னே செல்லும் தலைவர் ஒருவர்தான் வானைத் தேட முடியும். இருபுறமும் ஒட்டிப் பறக்கும் மற்ற இருவரின் கவனமெல்லாம் தலைவரின் இறக்கையில் மோதாமல் இருப்பதிலேயே செலவாகிவிடும். ஸ்பெயினில் புதிய மெஸ்ஸெர்ஷ்மிட் 109 விமானங்கள் போதிய எண்ணிக்கையில் இல்லாத நெருக்கடியில் ஜெர்மானியர் இருவர் இருவராகப் பறக்கலாயினர். ‘ரோட்டெ’ எனப்பட்ட இவ்விணையில் ஒருவர் தாக்குவார், மற்றவர் அவருடைய முதுகைக் காப்பார். இரண்டு இணைகள் சேர்ந்த நால்விமான அணி ‘ஷ்வார்ம்’ எனப்பட்டது. விரித்த கையின் நான்கு விரல்நுனிகளைப் போல முன்பின்னாகவும் உயர வேறுபாட்டோடும் விமானங்கள் அகன்று நின்றன. அணி திரும்பும்போது அவை ஒன்றையொன்று குறுக்கே கடந்து இடம் மாறிக்கொண்டன. நெருக்கம் தளர்ந்ததால் நால்வரின் கண்களும் எதிரியைத் தேடும் வேலைக்குக் கிடைத்தன.

இம்முறையை மோல்டர்ஸ் தனியொருவராகக் கண்டுபிடித்தார் என்று சில நூல்கள் கூறுவது மிகை. முதல் உலகப் போரிலேயே ஓஸ்வால்ட் பெல்கே என்னும் ஜெர்மன் விமானி வான்சண்டை விதிகளை 1916இல் வகுத்திருந்தார். பின்லாந்து விமானப்படையும் 1930களில் இணைகளையும் நான்குகளையும் கையாண்டது. களத்தில் தற்செயலாக உருவான ஒரு வழக்கத்தின் பயனை உணர்ந்து, அதை ஒழுங்குபடுத்தி, தாயகம் திரும்பியபின் ஒரு படை முழுவதற்கும் கற்பிக்கத்தக்க முறையாக்கியதே மோல்டர்ஸின் பங்களிப்பு. விமானியாக அவர் பெற்ற புகழைக் காட்டிலும் ஆசிரியராக அவர் விட்டுச்சென்ற பயிற்சிமுறை கனமானது என்று கொள்வதே பொருத்தம்.

1940 மே மாத இறுதியில் அவர் நைட்ஸ் கிராஸ் என்னும் உயர் விருதைப் பெற்ற முதல் வேட்டை விமானியானார். ஒரு வாரத்துக்குள், ஜூன் 5 அன்று, ரெனே பொமியே லெரார்க் என்னும் பிரெஞ்சு விமானியால் வீழ்த்தப்பட்டுச் சிறைப்பட்டு, பிரான்ஸ் சரணடைந்தபின் விடுதலையானார்.

இதே மே மாதத்தில் 264ஆம் படைப்பிரிவு முதன்முதலாகப் போருக்குச் சென்றது. பின்னாளில் சென்னை மாகாணப் பெயரைப் பெற்ற இப்பிரிவு ஓட்டிய விமானம் டிஃபையன்ட். விமானியின் பின்னே சுழலும் கூண்டு ஒன்றில் இரண்டாம் வீரர் அமர்ந்து நான்கு இயந்திரத் துப்பாக்கிகளை இயக்குவார். முன்னோக்கிச் சுடும் துப்பாக்கி எதுவும் விமானத்தில் இல்லை. ஜெர்மனியிலிருந்து புறப்படும் குண்டுவீச்சு விமானங்களுக்குத் துணையாக வேட்டை விமானங்கள் பிரிட்டன்வரை வர எரிபொருள் போதாது என்னும் கருத்தே இவ்வடிவமைப்புக்கு அடிப்படை. காவலின்றி வரும் குண்டுவீச்சு விமானங்களின் பக்கவாட்டிலும் அடியிலும் பறந்து அவற்றைச் சுட்டு வீழ்த்தலாம் என எண்ணினர். பிரான்ஸ் வீழ்ந்ததும் ஜெர்மன் தளங்கள் ஆங்கிலக் கால்வாய்க் கரைக்கே வந்துவிட்டன. கால்வாயின் மிகக் குறுகிய பகுதி 33 கிலோமீட்டர் அகலமே உடையது. வடிவமைப்பின் அடிப்படை அத்துடன் தகர்ந்தது.

தகர்வின் அறிகுறி மே 13 அன்றே தென்பட்டது. நெதர்லாந்தின் மேல் சென்ற 264ஆம் பிரிவின் ஆறு டிஃபையன்ட்களில் ஐந்தை மெஸ்ஸெர்ஷ்மிட்கள் வீழ்த்தின. ஆனால் மே 29 அன்று டன்கர்க் கடற்கரையின் மேல் நடந்த சண்டைகளில் அதே பிரிவு ஒரே நாளில் 37 விமானங்களை வீழ்த்தியதாக அறிவித்தது. டிஃபையன்டை ஒற்றை இருக்கை வேட்டை விமானமான ஹரிக்கேன் என்று தவறாகக் கருதிப் பின்னாலிருந்து நெருங்கிய ஜெர்மானியர் கூண்டுத் துப்பாக்கிகளுக்கு நேரே வந்து சிக்கினர் என்பது உண்மை. எனினும் போருக்குப்பின் ஜெர்மன் இழப்புப் பதிவுகளோடு ஒப்பிட்டபோது, உண்மையான எண்ணிக்கை இதில் பாதியைக்கூட எட்டாது எனத் தெரிந்தது. ஒரே விமானத்தைப் பலர் சுட்டு, ஒவ்வொருவரும் தனித்தனியே உரிமை கோரியதால் விளைந்த பெருக்கம் இது. இவ்வகை மிகைக் கணக்கு எல்லா நாட்டு விமானப்படைகளிலும் இருந்தமையால், மோல்டர்ஸ் போன்றோரின் வெற்றி எண்களையும் அதிகாரப்பூர்வமாக ஏற்கப்பட்ட எண்கள் என்று மட்டுமே கொள்ள வேண்டும்.

டன்கர்க் தந்த தன்னம்பிக்கைக்கு ஆயுள் குறைவு. குற்றாலத்தில் சாரல் விழும் ஆடி மாதத்தில், ஜூலை 19 அன்று, டிஃபையன்ட்களையே ஓட்டிய 141ஆம் பிரிவு கால்வாயின் மேல் ஒன்பது விமானங்களில் ஆறை இழந்தது. தாக்கியது ஜெர்மனியின் 51ஆம் வேட்டை விமான அணிப்படையின் மூன்றாம் குழு. எட்டு நாள்களில், ஜூலை 27 அன்று, அந்த அணிப்படைக்கு மோல்டர்ஸ் தளபதியானார். மறுநாளே ஸ்பிட்ஃபயர்களோடு நடந்த சண்டையில் காலில் காயமுற்றுச் சில வாரங்கள் பறக்க இயலாதிருந்தார். ஆகஸ்டின் பின்பகுதியில் 264ஆம் பிரிவு ஹார்ன்சர்ச் தளத்துக்குக் கொண்டுவரப்பட்டு, 24, 26, 28 ஆகிய நாள்களில் அடுத்தடுத்து இழப்புகளைச் சந்தித்தது; முதல் நாளிலேயே தளபதி பிலிப் ஹன்டர் திரும்பி வரவில்லை. இம்முறை ஜெர்மானியருக்கு எவ்வகை விமானம் என்பது தெரிந்திருந்தது. கூண்டுத் துப்பாக்கி சுட முடியாத முன்புறத்திலிருந்தும் அடியிலிருந்தும் தாக்கினர். இழப்பின் மிகுதியால் பிரிவு வடக்கே திரும்பப் பெறப்பட்டு, பகல் சண்டையிலிருந்தே டிஃபையன்ட் விலக்கப்பட்டு, இரவுக் காவலுக்கு மாற்றப்பட்டது. சுழல்கூண்டினுள்ளே அமர்ந்து வெளியேற வழியின்றி மாண்ட துப்பாக்கி வீரர்கள் பலர். பிழையான ஒரு கணிப்பின் விலையை அவர்களே செலுத்தினர்.

மற்ற இரு பிரிவுகளும் ஒற்றை இருக்கை விமானங்களை ஓட்டியமையால் அவற்றின் அனுபவம் வேறு. ஸ்பிட்ஃபயர் ஓட்டிய 234ஆம் பிரிவு ஆகஸ்டு நடுவில் மிடில் வாலப் தளத்துக்கு வந்தது. பாப் டோ, ஆஸ்திரேலியரான பாட் ஹியூஸ் ஆகியோர் அதன் சிறந்த விமானிகள். செப்டம்பர் 7 அன்று தளபதி ஓப்ரையனும் ஹியூஸும் ஒரே நாளில் இறந்தனர்.

எதிரியிடமிருந்து கற்க பிரிட்டன் நெடுநாள் தயங்கியது. மூவர் அணியின் பின்னே ஒருவரை அங்குமிங்கும் அலையவிட்டுக் காவல் வைக்கும் இடைக்கால முறையில், அவ்வாறு அலைந்தவரே முதலில் வீழ்த்தப்பட்டார். 1941இல்தான் நால்விமான அணி பிரிட்டன் வேட்டை விமானப்படையில் வேர்கொள்ளத் தொடங்கியது. அதே ஆண்டு ஜூன் 22 அன்று ஜெர்மனி சோவியத் ஒன்றியத்தைத் தாக்கியபின் மோல்டர்ஸின் கணக்கு வேகமாக உயர்ந்தது. மாத இறுதியில் முதல் உலகப் போர் விமானி ரிஷ்தோஃபனின் 80 என்னும் எண்ணைக் கடந்து, ஜூலை 15 அன்று உலகப் போரில் மட்டும் நூறைத் தாண்டிய முதல் விமானியானார். அவர் இறந்தால் மக்களின் மனவுறுதி குலையும் என்று அஞ்சிய ஆட்சி, அவரைச் சண்டையிலிருந்து விலக்கி, 28 வயதில் வேட்டை விமானப்படை முழுவதற்கும் மேலாளராக்கியது. தற்கொலை செய்துகொண்ட விமானப்படை உயரதிகாரி எர்ன்ஸ்ட் ஊடெட்டின் இறுதிச்சடங்குக்காகப் பயணியாகச் சென்ற மோல்டர்ஸ், 1941 நவம்பர் 22 அன்று பிரெஸ்லாவ் அருகே, மோசமான வானிலையில் ஹெய்ங்கெல் 111 விமானம் விழுந்து இறந்தார்.

இறப்புக்குப்பின் அவர் பெயர் பலர் கையில் கருவியாயிற்று. நாஜி ஆட்சியை அவர் வெறுத்ததுபோல் காட்டும் ஒரு பொய்க் கடிதத்தைப் பிரிட்டனின் உளவுப் பரப்புரையாளர்கள் 1942இல் ஜெர்மனியில் பரப்பினர். போருக்குப்பின் மேற்கு ஜெர்மனி ஒரு போர்க்கப்பலுக்கும் ஒரு வேட்டை விமான அணிப்படைக்கும் அவர் பெயரைச் சூட்டியது. காண்டோர் படையினரைக் கௌரவிக்கலாகாது என்று ஜெர்மன் நாடாளுமன்றம் 1998இல் தீர்மானித்ததையொட்டி, 2005இல் அணிப்படையின் பெயர் நீக்கப்பட்டது. முன்னாள் வீரர்கள் பலர் எதிர்த்தபோதிலும் இம்முடிவு நேரியது. போர்த்திறனைக் கற்பதும் அதற்குரியவரைப் படையின் முன்மாதிரியாக நிறுத்துவதும் வேறுவேறு செயல்கள்.

சென்னை மாகாணப் பெயர் தாங்கிய பிரிவுகளுள் 264 பின்னர் மஸ்கிட்டோ விமானங்களோடு இரவுப் போரைத் தொடர்ந்தது. ஹரிக்கேன் ஓட்டிய 79ஆம் பிரிவு மட்டும் 1942இல் கிழக்கே அனுப்பப்பட்டது. அவ்வாண்டு ஏப்ரலில் ஜப்பானியக் கப்பற்படை விமானங்கள் கொழும்பையும் திருகோணமலையையும் தாக்கியதால் சென்னை நகர மக்கள் அஞ்சி உள்நாட்டு ஊர்களுக்குக் குடிபெயர்ந்திருந்தனர். இந்தியா வந்து சேர்ந்த 79ஆம் பிரிவு சென்னையைக் காக்க நிறுத்தப்படாமல், 1943இன் தொடக்கத்திலிருந்து அரக்கான் கடலோரத்திலும் பின்னர் பர்மாவின் உட்பகுதியிலும் தரைப்படைக்குத் துணையாகப் போரிட்டது; 1944இல் ஹரிக்கேன்களை விட்டு அமெரிக்கத் தண்டர்போல்ட்களுக்கு மாறி, போர் முடிந்த ஆண்டிலேயே கலைக்கப்பட்டது.