அடுக்கிய பெட்டிகளும் அமைந்த வீடுகளும்

நம் காலனியின் கோடியில் உள்ள மேம்பாலத்தில் மாலை வேளையில் நின்றால், பெட்டியின்மேல் பெட்டி ஏற்றிய நெடிய சரக்கு வண்டிகள் செல்வதைக் காணலாம். நம் சங்கத்துச் சிறுவர் சிலருக்கு அவற்றை எண்ணுவது ஒரு விளையாட்டு. சென்ற ஆண்டு விழாவிற்கு முந்தைய நாள் அவர்களுள் ஒருவன் என்னிடம், “மாமா, மேலே இருக்கிற பெட்டி விழாதா?” என்று கேட்டான். மூலைக்கு ஒரு பூட்டு உண்டு. கால் சுற்றுத் திருகினால் மேற்பெட்டி கீழ்ப்பெட்டியைப் பற்றிக்கொள்ளும் என்றேன். அவன் விடவில்லை. “அப்படியென்றால் வீட்டையும் இப்படியே அடுக்கிவிடலாமே! அப்பாவுக்குக் குவார்ட்டர்ஸ் கிடைக்க ஏன் இவ்வளவு நாளாகிறது?” என்றான்.

அன்று நான் சிரித்துவிட்டு வந்துவிட்டேன். பின்னர் எண்ணிப் பார்க்கையில், அவன் கேட்ட கேள்வியை உலகில் பெரியோர் பலர் கேட்டிருக்கின்றனர் என்பதும், அதற்கு விடை காணப் பெரும்பொருள் செலவிட்டிருக்கின்றனர் என்பதும், சிலர் அதனால் உயிரும் இழந்தனர் என்பதும் தெரிந்தன. மெட்ரிக் வரை படித்த இரயில்வே குமாஸ்தாவாகிய எனக்குக் கட்டடக்கலை தெரியாது. ஆயினும் பெட்டிகளைப் பற்றி இருபதாண்டுகளாக எழுதி வருபவன் என்ற துணிவில் இக்கட்டுரையை வரைகின்றேன்.

இக்கதையின் தொடக்கத்திலேயே இரயில்வே வந்துவிடுகின்றது. 1851-ஆம் ஆண்டு இலண்டன் மாநகரில் நடைபெற்ற பெரும் பொருட்காட்சிக்கு ஒரு மாளிகை தேவைப்பட்டது. போட்டிக்கு வந்த திட்டங்கள் 245. அவற்றுள் ஒன்றும் குழுவினர்க்கு நிறைவளிக்கவில்லை. அந்நிலையில் ஜோசப் பாக்ஸ்டன் என்பார், 1850-ஆம் ஆண்டு ஜூன் திங்களில், டெர்பி நகரில் மிட்லண்ட் இரயில்வேயின் கூட்டமொன்றில் அமர்ந்திருந்தபோது, மை ஒற்றும் தாளில் ஒரு படம் கிறுக்கினார். அக்கூட்டம் ஓர் ஊழியர்மீது வந்த குற்றச்சாட்டை விசாரிக்கக் கூடியது என்று சொல்வர். விசாரணைக்கு உட்பட்டவர் கதி என்னவாயிற்றோ, படம் வரைந்தவர் கதி உயர்ந்தது! பாக்ஸ்டன் கட்டடக் கலைஞர் அல்லர். தோட்டக்காரராக வாழ்வைத் தொடங்கியவர். 24 அடிக்கு ஒரு தூண் என்று அளவை ஒன்றாக்கி, ஒரே வகை இரும்புத் தூண்களையும் ஒரே அளவுக் கண்ணாடிகளையும் தொழிற்சாலைகளில் செய்வித்து, களத்தில் பூட்டினர். ஓராண்டிற்குள் பளிங்கு மாளிகை எழுந்தது. காட்சி முடிந்தபின் அதனைக் கழற்றி, சிடன்ஹாம் என்னுமிடத்தில் பெரிதாக்கிப் பூட்டினர். 1936-இல் தீக்கிரையாகும் வரை அஃது அங்கேயே நின்றது.

எனினும் அது காட்சி மண்டபமே. மக்கள் உண்டு உறங்கும் வீடன்று. வீடுகளை இம்முறையில் ஆக்கும் வேகம் இரண்டாம் உலகப் போருக்குப் பின்னரே பிறந்தது. குண்டுவீச்சில் அழிந்த நகரங்கள் எங்கணும் குடியிருக்க இடமின்றி மக்கள் திகைத்தனர். கொத்தனார் செங்கல்மேல் செங்கல் வைத்துக் கட்டி முடிக்கும் வரையில் காத்திருக்க இயலவில்லை. சோவியத் நாட்டில் 1950-களின் இடையில் குருசேவ் காலத்தில், சுவர்களையே தொழிற்சாலையில் வார்த்து, ஐந்து மாடி வீடுகளை நகரந்தோறும் எழுப்பினர். ஐந்து மாடி என்பதற்குக் காரணம் எளிது. அதற்கு மேற்பட்டால் லிப்டு வைக்க வேண்டும். அடுக்களை குறுகியது, அழகு குறைவு என்று பலர் குறைகூறினர். பொது விடுதியில் பல குடும்பங்களோடு ஓர் அடுப்பைப் பங்கிட்டுக்கொண்டிருந்தவர்க்கு அக்குறுகிய அடுக்களை எத்துணை இனிதாயிருந்திருக்கும் என்பதை நம் போன்றவர் அறிவோம்.

நம் நாடும் இதில் பின்தங்கவில்லை. 1947-இல் நாடு பிரிந்தபோது தில்லிக்கு அகதிகள் இலட்சக்கணக்கில் வந்தனர். அவர்களுக்கு விரைவில் வீடளிக்க வேண்டி, ஜங்புராவில் அரசினர் வீட்டுத் தொழிற்சாலை தொடங்கப்பட்டது. அதற்கு வழிகாட்டியவர் ஆட்டோ கோனிக்ஸ்பெர்கர்; ஜெர்மனியில் பிறந்து, மைசூர் சமஸ்தானத்தில் கட்டடக் கலைஞராய்ப் பணியாற்றி, பின்னர் இந்திய அரசின் வீட்டுவசதி இயக்குநரானவர். நுரைக் கான்கிரீட்டில் பெரும் பலகைகளை வார்த்து, அவற்றைப் பூட்டி வீடாக்குவது திட்டம். பலகைகள் உடைந்தன, வெடித்தன. நாடாளுமன்றத்தில் கண்டனம் எழுந்தது. அம்முறை கைவிடப்பட்டது, கோனிக்ஸ்பெர்கரும் 1951-இல் இந்தியாவை விட்டகன்றார். ஆலை மட்டும் மூடப்படவில்லை. இந்துஸ்தான் ஹவுசிங் பாக்டரி என்ற பெயருடன் வேறு முன்வார்ப்புப் பொருள்களைச் செய்து பிழைத்துக்கொண்டது. 1978-இல் இந்துஸ்தான் பிரிபேப் என்ற பெயர் பெற்றது. தோல்வியை எண்ணி நகைப்பது எளிது. அன்று கூடாரத்தில் குழந்தைகளுடன் மழையில் நனைந்தவர்களை எண்ணினால், அம்முயற்சியை நகைக்க மனம் வருவதில்லை.

இதுவரை கூறியவை சுவரையும் பலகையையும் பூட்டிய கதைகள். சிறுவன் கேட்டபடி முழு அறையையே பெட்டியாக்கி அடுக்கிய விந்தை, கனடா நாட்டின் மான்ட்ரியால் நகரில் 1967-ஆம் ஆண்டு உலகப் பொருட்காட்சியின்போது நிகழ்ந்தது. மோஷே சாப்டி என்னும் இளைஞர் மக்கில் பல்கலைக்கழகத்தில் மாணவராயிருந்தபோது எழுதிய ஆய்வே அதற்கு வித்து. நெருக்கமான நகரத்தில் வாழ்பவனுக்கும் தனக்கென ஒரு தோட்டம் வேண்டும் என்பது அவர் எண்ணம். 354 கான்கிரீட் பெட்டிகளைக் களத்தருகிலேயே வார்த்தனர். ஒவ்வொன்றும் ஏறத்தாழ 38 அடி நீளமும் 17 அடி அகலமும் 10 அடி உயரமும் உடையது. எடை 70 டன்னுக்கு மேல். குளியலறை முதலியவற்றை உள்ளே பொருத்திய பின், பாரந்தூக்கியால் தூக்கி, நேராக அன்றி முன்னும் பின்னுமாக அடுக்கி, எஃகு வடங்களை இழுத்து இறுக்கிப் பிணைத்தனர். இவ்வாறு 158 வீடுகள் அமைந்தன. கீழ்வீட்டின் கூரை மேல்வீட்டின் தோட்டமாயிற்று. ஹாபிடாட் 67 என்னும் அக்கட்டடம் செயின்ட் லாரன்ஸ் ஆற்றங்கரையில் இன்றும் காண்பவர் கண்ணைக் கவர்ந்து நிற்கின்றது.

ஆயின் ஒன்றை மறைத்தல் தகாது. எளியோர்க்கு மலிவான வீடு என்று தொடங்கியது, எளியோர்க்கு எட்டாத வீடாயிற்று. முதலில் எண்ணியது ஆயிரம் வீடுகளைப் போல; பணம் போதாமையால் 158-இல் நின்றது. ஆலையமைத்த செலவும் அச்சுகளின் செலவும் அச்சில வீடுகளின் தலையிலேயே விழுந்தன. ஒரே அச்சில் ஆயிரம் வார்த்தால் மலிவு. நூறு வார்த்தால் நட்டம். அச்சடிக்கும் தொழிலறிந்தவர் யாரும் இதைச் சொல்லிவிடுவர். நம் மலரையே நூறு படி அச்சிட்டால் படி ஒன்றிற்கு என்ன விலையாகும் என்பதை நம் பொருளாளர் அறிவார்.

மறு ஆண்டில், 1968-இல், அமெரிக்காவில் சான் அன்டோனியோ நகரத்து விடுதி ஒன்றை இம்முறையில் எழுப்பினர். அறைகளை ஏழு மைல் தொலைவிலிருந்த ஆலையில் செய்து, கட்டில், மெத்தை உட்பட அனைத்தும் வைத்து, 46 நாள்களில் 496 அறைகளை அடுக்கி முடித்தனர். செல்வர் தங்கும் விடுதி அது. நன்றாக நடந்தது என்பதோடு நிறுத்திக்கொள்ளலாம்.

அதே 1968-ஆம் ஆண்டு மே திங்கள் 16-ஆம் நாள் இலண்டனில் நிகழ்ந்ததை மட்டும் சற்று விரிவாகக் கூறவேண்டும்.

கிழக்கு இலண்டனில் நியூஹாம் பகுதியில் ரோனன் பாயிண்ட் என்னும் 22 மாடிக் கட்டடம் புதிதாக எழுந்தது. வீடுகள் 110. ஆலையில் வார்த்த கான்கிரீட் சுவர்களைச் சீட்டுக்கட்டு போல் ஒன்றன்மேல் ஒன்றாக நிறுத்திய அமைப்பு அது. டென்மார்க்கில் தோன்றிய அம்முறை, ஆறு மாடி அளவில் நிற்கும் கட்டடங்களை எண்ணி வகுக்கப்பட்டது. குடிபுகுந்தோர் பழைய நெருக்கமான தெருக்களில் வாழ்ந்த எளிய மக்கள். திறந்து இரண்டு திங்களே ஆகியிருந்தன. விடியற்காலை ஏறத்தாழ 5.45 மணிக்குப் பதினெட்டாம் மாடியில் மூலை வீட்டில் இருந்த ஒரு மாது தேநீர் போட அடுப்பைப் பற்றவைக்கத் தீக்குச்சியைக் கிழித்தார். இரவில் கசிந்திருந்த எரிவாயு வெடித்தது. வெடி அவ்வளவு பெரிதன்று. ஆயினும் மூலைச்சுவர் வெளியே தள்ளப்பட்டது. அச்சுவரை நம்பி நின்ற மேல்மாடிகள் நான்கும் சரிந்தன. அவற்றின் பாரம் தாங்காமல் கீழ்மாடிகளின் மூலைகளும் வரிசையாக அடித்தளம் வரை சரிந்தன. நால்வர் மாண்டனர், பதினெழுவர் காயமுற்றனர். பலர் படுக்கையறையில் உறங்கிக்கொண்டிருந்தமையாலும், சரிந்த பகுதி பெரும்பாலும் கூடங்களாக இருந்தமையாலும் உயிரிழப்பு குறைந்தது. தீக்குச்சி கிழித்த அம்மாது உயிர் பிழைத்தார்.

விசாரணை நடந்தது. எரிவாயு கசிந்ததற்குக் காரணம், அடுப்பைக் குழாயோடு இணைத்த ஒரு பித்தளை நட்டு தரக்குறைவானதாக இருந்தமை. கட்டடம் சரிந்ததற்குக் காரணம், சுவரையும் தளத்தையும் பிணைத்த இணைப்பு வலுவற்றிருந்தமை. சுவர் கெட்டியானது, தளம் கெட்டியானது, இரண்டும் கூடுமிடம் பொய். பெருங்காற்று அடித்திருந்தாலும் ஆபத்தே என்று வல்லுநர் கூறினர். ஒரு பகுதி போனால் மற்றவை தொடர்ந்து விழாதவாறு கட்டவேண்டும் என்ற விதி 1970-இல் அந்நாட்டில் வந்தது. இன்று உலகெங்கும் பொறியாளர் படிக்கும் பாடத்தில் இவ்விபத்துக்கு இடமுண்டு.

அக்கட்டடத்தைச் செப்பனிட்டு மீண்டும் மக்களைக் குடிவைத்தனர். 1986-இல் அதனை இடித்தபோது, வெடிவைக்காமல் மாடி மாடியாகக் கழற்றினர். அப்போதுதான் உண்மை வெளிப்பட்டது. சாந்து கெட்டித்து நிரப்பவேண்டிய இணைப்புகள் சிலவற்றில் பழைய செய்தித்தாள்களைத் திணித்திருந்தனர்! மேலே பூசிவிட்டால் உள்ளிருப்பதை யார் காண்பார்? இதைப் படித்த இரவு எனக்கு உறக்கம் வரவில்லை. பல ஆண்டுகளுக்கு முன் வேறோர் ஊரில் யான் குடியிருந்த வீட்டில், சுவரும் கூரையும் சேருமிடத்தில் மழைக்காலந்தோறும் நீர் ஒழுகும். என் மனைவி அங்கே ஓர் அண்டாவை வைத்திருப்பாள். ஆள் வந்து பூசிச் செல்வார்; அடுத்த மழைக்கு மீண்டும் அண்டா. ஒரு நாள் யானே ஆணியால் கிளறிப் பார்த்தேன். உள்ளே சாந்தில்லை, செங்கல் துண்டும் சாக்குக் கிழிசலும் இருந்தன. என் இழப்பு ஓர் அண்டாத் தண்ணீரோடு போயிற்று.

ஜப்பான் நாட்டில் இணைப்பு வேறுவகையில் சோதனையாயிற்று. 1972-இல் டோக்கியோ நகரில் கிஷோ குரோகாவா என்பார் நாககின் கோபுரத்தை அமைத்தார். நடுவே இரண்டு கான்கிரீட் தண்டுகள்; அவற்றைச் சுற்றி 140 சிறு எஃகு அறைகள். ஒவ்வொன்றும் நான்கு போல்ட்டுகளால் தண்டில் தொங்கியது. நம் இரயில் வண்டியின் கூப்பேயைவிடச் சற்றுப் பெரிது என்று கொள்ளலாம். இருபத்தைந்து ஆண்டுக்கொரு முறை பழைய அறையைக் கழற்றிப் புதிய அறையை மாட்டவேண்டும் என்பது அவர் எண்ணம். ஆனால் கீழுள்ள ஒன்றை எடுக்க மேலுள்ளவற்றையும் எடுக்கவேண்டியிருந்தது, உரிமையாளர் பலர், செலவோ பெரிது. ஒன்றுகூட மாற்றப்படவில்லை. அறைகள் துருப்பிடித்து ஒழுகின. 2022-இல் கோபுரத்தைக் கலைத்தனர். 23 அறைகளை மட்டும் காத்து வைத்தனர். ரோனன் பாயிண்டில் இணைப்பு எளிதில் விட்டுவிட்டது. இங்கோ விடவேண்டியபோது விடவில்லை.

இம்முறை மாண்டுபோகவில்லை. நம் தமிழர் பலர் வாழ்வதும் உழைப்பதுமான சிங்கப்பூரில் இஃது இப்போது தழைத்து வருகின்றது. 2019-இல் அங்கே 40 மாடிக் குடியிருப்பு இரண்டு கோபுரங்களாக முடிந்தது. 1,866 கான்கிரீட் பெட்டிகள்; 505 வீடுகள். பெட்டியின் கூட்டை மலேசியாவில் செனாய் என்னும் ஊரில் வார்த்து, சிங்கப்பூரில் துவாஸ் என்னுமிடத்திற்குக் கொணர்ந்து, தரை, குழாய், வண்ணம் யாவும் முடித்துக் களத்திற்கு அனுப்பினர். களத்தில் எஞ்சிய பெருவேலை, பெட்டிகளைத் தூக்கி வைத்து இணைப்பதே.

சிறுவனுக்கு யான் கூற விரும்பும் மற்றொன்றும் உண்டு. அலுவலகத்தில் எங்களுக்கு ஓ.டி.சி. என்றொரு தொல்லை உண்டு. வகுத்த அளவுக்கு மேற்பட்ட அகலமோ உயரமோ உடைய சரக்கிற்கு அப்பெயர். அத்தகைய சரக்கு வந்தால் பாதை முழுதும் உள்ள பாலங்களையும் பிளாட்பாரங்களையும் கணக்கிட்டுத் தனி அனுமதி பெறவேண்டும். வீட்டுப் பெட்டிக்கும் அதே விதி. மான்ட்ரியாலில் களத்தருகே வார்த்தமையால் 17 அடி அகலம் வைக்க முடிந்தது. சாலையில் வரவேண்டிய பெட்டிக்கு அவ்வளவு அகலம் இராது. நாம் உறங்கும் அறையின் அகலத்தை, எங்கோ உள்ள ஒரு குறுகிய பாலம் முடிவு செய்துவிடுகின்றது. சென்ற வாரம் அவனைப் பாலத்தில் கண்டபோது இதைச் சொன்னேன். அவன் சற்று எண்ணிப்பார்த்து, “அப்போ முதலில் பாலத்தை அகலமாகக் கட்டணும் மாமா” என்றான். அதற்குள் வண்டி வந்துவிட்டது, எண்ணத் தொடங்கிவிட்டான்.