காதறுந்த சண்டையும் ஒரு பாவசங்கீர்த்தனப் புத்தகமும்

முத்துக்குளித்துறையின் பழைய ஏழு கடல்துறைகளைப் பற்றிக் கொஞ்ச நாளாகக் குறிப்பு எடுத்து வருகிறேன். தூத்துக்குடியிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் வடக்கே போனால் வைப்பாறு, அதைத் தாண்டி வேம்பார். ஏழில் வடக்கு ஓரம் இதுதான். இந்தக் கரை எப்படிக் கத்தோலிக்கக் கரையானது என்று கேட்டால் எல்லோரும் சவேரியாரைக் கை காட்டுவார்கள். ஆனா அவர் இங்கே வந்தது 1542-ல். அதற்கு ஐந்தாறு வருஷம் முன்னாடியே ஊர் ஊராக ஞானஸ்நானம் நடந்து முடிந்துவிட்டது. அதை நடத்தி வைத்தது ஒரு பகை.

முத்துக்குளிப்பில் யார் கை ஓங்குவது என்று பரதவர்களுக்கும் முஸ்லிம் வணிகர்களுக்கும் ஏற்கெனவே உரசல் இருந்தது. 1530களில் தூத்துக்குடியில் ஒரு பெண்ணை அவமதித்ததில் தொடங்கிய சண்டையில் ஒரு பரதவரின் காது கடுக்கனோடு அறுந்தது என்று சேசு சபையாரின் எழுத்துகள் சொல்கின்றன. (ஒரு தரப்பின் பதிவு என்பதை மனசில் வைத்துத்தான் படிக்கணும்.) அதற்குப் பழி, அந்தப் பழிக்கு மறுபழி. குதிரை வியாபாரி ஜோவாம் தா குரூஸ் வழிகாட்ட, 1535-ல் பரதவத் தலைவர்கள் கொச்சிக்குப் போய்ப் போர்த்துகீசியரிடம் துணை கேட்டார்கள். 1536, 37-ல் ஆயிரக்கணக்கானோர் ஞானஸ்நானம் பெற்றார்கள். 1538-ல் வேதாளையில் போர்த்துகீசியப் படை எதிர்த்தரப்பின் கப்பற்படையை முறியடித்தது. காதுக்கு ஈடு கிடைத்துவிட்டது, ஒருவிதத்தில்.

இதற்கப்புறம் வருவதுதான் எனக்குச் சுவாரசியமான இடம். சவேரியார் வந்து, இரண்டு மொழியும் தெரிந்த உள்ளூர்க்காரர்களை உட்கார வைத்துச் செபங்களைத் தமிழாக்கி மனப்பாடம் செய்ய வைக்கிறார். அதில் பரலோக மந்திரமும் உண்டு. அந்த மந்திரத்தில் மன்னிப்பு சும்மா கேட்கப்படவில்லை. பிறரை நாங்கள் மன்னிக்கிறபடி எங்களையும் மன்னியும் என்று கேட்கிறவனே தன் தலையில் ஒரு நிபந்தனையை ஏற்றிக்கொள்கிறான். எதிரியை அடக்க ஆள் தேடிப் போன சமூகம் தினமும் சொல்லவேண்டிய வரி இது!

ஆனா அது எவ்வளவு தூரம் புரிந்திருக்கும்? விசுவாசப் பிரமாணத்தில் 'விசுவசிக்கிறேன்' என்று வரவேண்டிய இடத்தில் 'வேணும்' என்று போட்டிருந்ததைச் சவேரியாரே பிற்பாடு ஒரு கடிதத்தில் திருத்தச் சொல்கிறார். மொழிபெயர்ப்பாளர் இல்லாவிட்டால் அவருக்குக் கை உடைந்த மாதிரி. அப்போ பாவசங்கீர்த்தனம் எப்படி நடக்கும் என்று யோசித்துப் பாருங்க. பக்கத்து வீட்டுக்காரன்மேல் பத்து வருஷமாக வைத்திருக்கும் வன்மத்தை, அதே பக்கத்து வீட்டுக்காரனின் மச்சானாக இருக்கக்கூடிய துபாஷி மூலமாகச் சாமியாரிடம் சொல்வது நடக்கிற காரியமா?

இந்தச் சிக்கலை உடைத்தவர் அண்ட்ரிக் அடிகளார், அதாவது ஹென்ரிக் ஹென்ரிக்கஸ். போர்ச்சுகலில் விலா விசோசா ஊர்க்காரர், 1520-ல் பிறந்தவர். யூதராக இருந்து கிறிஸ்தவரானவர்களின் வம்சம். அந்த 'ரத்தத்தை'க் காரணம் காட்டிப் பிரான்சிஸ்கன் சபை அவரை வெளியே அனுப்பிவிட்டது. 1545-ல் சேசு சபை சேர்த்துக்கொண்டது, அடுத்த வருஷமே இந்தியாவுக்குக் கப்பல் ஏறினார். துபாஷி இல்லாமல் பேசும் அளவுக்குத் தமிழ் படித்தார்.

1549-ல் இவருடைய மேலாளர் அந்தோணி கிரிமினாலி அதே வேதாளையில் வடுகப் படையினரால் கொல்லப்பட்டார். இராமேசுவரம் போகும் யாத்திரிகர்களிடம் போர்த்துகீசியத் தலைவன் காசு பிடுங்கியதுதான் சண்டையின் மூலம். செத்தது காசு பிடுங்கியவன் அல்ல, கரையில் நின்று பெண்களையும் பிள்ளைகளையும் படகில் ஏற்றிக்கொண்டிருந்த சாமியார். அவர் இடத்துக்கு அண்ட்ரிக் தேர்ந்தெடுக்கப்பட்டார்.

அச்சுப் புத்தகம் என்றால் அவருடைய 1578 'தம்பிரான் வணக்கம்' பற்றித்தான் எல்லோரும் பேசுவோம். எனக்கென்னவோ 1580-ல் கொச்சியில் அச்சான 'கொம்பெசியொனாயரு' அதைவிட முக்கியமாகப் படுகிறது. தமிழில் அச்சான முதல் பாவசங்கீர்த்தனக் கையேடு அது. அந்தக் காலத்துக் கையேடுகள் பத்துக் கட்டளைகளை வரிசையாக எடுத்து மனச்சாட்சியைத் துருவும். கொலை செய்யாதே என்ற கட்டளைக்குக் கீழே கொலையோடு நிற்காது. யார்மேலாவது பகை வைத்திருக்கிறாயா, பழி வாங்க நினைத்தாயா, யாரிடமாவது முகம் கொடுக்காமல் இருக்கிறாயா என்று போகும். பகையை விடமாட்டேன் என்பவனுக்குப் பாவமன்னிப்பு கிடையாது. விடுவது என்றால் நடந்த தப்பைச் சரி என்று ஒப்புக்கொள்வதும் இல்லை; பறித்ததைத் திருப்பிக் கொடுக்கவேண்டிய கடமை பறித்தவனுக்கு அப்படியே இருக்கும். பழி தீர்க்கும் உரிமையை மட்டும் கைகழுவ வேண்டும்.

எங்க தொழில் பாஷையில் சொன்னால், இந்தப் புத்தகம் ஒரு ஸ்கீமா. டேட்டா எங்கும் கிடையாது. காதில் சொன்னது வெளியே போகக்கூடாது என்பது சபைச் சட்டம், அதனால் வேம்பாரிலோ புன்னைக்காயலிலோ யார் யாரை மன்னித்தார்கள் என்பதற்கு எந்த ஆவணக் காப்பகத்திலும் லாக் இருக்காது. ஆராய்ச்சிக்காரனுக்கு நஷ்டம்தான். ஆனா லாக் இருந்திருந்தால் யாரும் வாய் திறந்திருக்க மாட்டார்கள்.

பாவசங்கீர்த்தனத்தை இப்போது 'ஒப்புரவு' அருட்சாதனம் என்கிறார்கள். குறளில் ஒப்புரவறிதல் என்ற அதிகாரம் ஊருக்கு உதவி வாழ்வதைப் பேசுகிறது. ரகசியமாகக் காதில் சொல்லும் ஒன்றுக்கு, ஊரோடு சேர்ந்த இந்தச் சொல்லைத் தேர்ந்தெடுத்தவர் நல்ல தமிழ் தெரிந்தவர்.

அண்ட்ரிக் பக்கம் ஒரு கணக்கு பாக்கி. 1593-ல் சேசு சபையின் ஐந்தாவது பொதுச்சங்கம் யூத வம்சத்தாரை இனிச் சபையில் சேர்ப்பதில்லை என்று தீர்மானம் போட்டது. 1608-ல் கொஞ்சம் தளர்த்தினார்கள். முழுசாக எடுக்க 1946 ஆனது. தீர்மானம் வந்தபோது அண்ட்ரிக்குக்கு 73 வயசு. ஒரு சபை துரத்திய அதே காரணத்தை, சேர்த்துக்கொண்ட சபையும் எழுதி வைத்துவிட்டது. அதற்கப்புறம் அவர் எங்கும் போகவில்லை. ஏழு வருஷம் கழித்து, 1600-ல், புன்னைக்காயலில் இறந்தார். அவரைத் தூத்துக்குடியில் அடக்கம் செய்தார்கள்.