பெறுவதற்கு மட்டும் கட்டப்பட்ட இணைப்பு

சென்ற கோடை விடுமுறையில் விடுதியை மூடிவிட்டதால் சில வாரங்கள் வாடகை அறையொன்றில் தங்கியிருந்தேன். ஆய்வுக்குத் தேவையான 38 ஜிபி பேச்சுத் தரவுத்தொகுப்பு டொரண்ட் வடிவில் மட்டுமே கிடைத்தது. வேகச் சோதனையில் 100 எம்பிபிஎஸ் காட்டிய அதே இணைப்பில் அத்தொகுப்பு நொடிக்கு 30 கேபி வீதம் ஊர்ந்தது. அந்த வேகத்தில் இறக்கி முடிக்கப் பதினான்கு நாள்களுக்கு மேல் ஆகும். பழுதைத் தேடியபோது, ஒவ்வொரு காரணத்தின் பின்னும் ஒரு பழைய முடிவு நிற்பதைக் கண்டேன். நான் கண்டறிந்த வரிசையிலேயே அவற்றைப் பதிவு செய்கிறேன்.

'பியர்' என்னும் ஆங்கிலச் சொல், 'சமம்' எனப் பொருள்படும் 'பார்' என்ற இலத்தீன் சொல்லிலிருந்து பிரெஞ்சு வழியாக வந்தது. பிராம் கோஹன் 2001இல் உருவாக்கிய பிட்டொரண்ட் இப்பொருளை அப்படியே நம்பி எழுந்தது. அதில் ஒரே சர்வர் அனைவருக்கும் தருவதில்லை. பெறுபவர் ஒவ்வொருவரும் தமக்குக் கிடைத்த துண்டுகளைப் பிறருக்குத் தருகிறார். கோஹன் 2003இல் வெளியிட்ட கட்டுரை விளக்குவதுபோல, மென்பொருள் 10 நொடிக்கு ஒருமுறை தனக்கு மிகுதியாகத் தருபவர்களைத் தேர்ந்து அவர்களுக்கே தருகிறது. 30 நொடிக்கு ஒருமுறை புதியவர் ஒருவருக்கும் வாய்ப்பளிக்கிறது. தர இயலாதவருக்குக் கிடைப்பதும் குறையும்.

நான் முதலில் கவனிக்கத் தவறியது இதைத்தான். என் இணைப்பின் பதிவேற்ற வேகம் 5 எம்பிபிஎஸ் மட்டுமே. இந்த ஏற்றத்தாழ்வு தற்செயலானதன்று. 1980களின் இறுதியில், பெல்கோர் ஆய்வகத்தின் ஜோசப் லெக்லைடர், தொலைபேசிச் செப்புக் கம்பியில் இரு திசைக்கும் சம வேகம் தருவதைவிட வீட்டை நோக்கிய திசைக்கு மிகுதியாகத் தந்தால் கம்பிகளுக்கிடையிலான குறுக்கீடு குறையும் என்று காட்டினார். வீடுகளுக்குத் திரைப்படம் அனுப்ப விரும்பிய தொலைபேசி நிறுவனங்களுக்கு அது பொருத்தமாக அமைந்தது. ஏடிஎஸ்எல் பிறந்தது. இந்தியாவின் 2004ஆம் ஆண்டு பிராட்பேண்ட் கொள்கை, குறைந்தது 256 கேபிபிஎஸ் தரவிறக்க வேகம் உள்ளதே பிராட்பேண்ட் என வரையறுத்தது. அவ்வரம்பு 2013இல் 512 கேபிபிஎஸ் ஆகவும், 2023இல் 2 எம்பிபிஎஸ் ஆகவும் உயர்ந்தது. பதிவேற்றத்துக்கு எந்த வரையறையிலும் எண் இல்லை. கொள்கையின் மொழியில் குடிமகன் பெறுபவன் மட்டுமே.

குறுகிய பதிவேற்ற வழி நிரம்பிவிட்டால் தரவிறக்கமும் தளரும். ஏனெனில், வந்த பொதிகளைப் பெற்றுக்கொண்டேன் என்று திருப்பி அனுப்பும் ஒப்புகைகளும் அதே வழியில் காத்துக்கிடக்கின்றன. மென்பொருளில் பதிவேற்ற உச்சவரம்பை நொடிக்கு 500 கேபி, அதாவது வழியின் ஐந்தில் நான்கு பங்கு, என அமைத்தேன். வேகம் சற்றே கூடியது, ஆனாலும் போதவில்லை.

அடுத்த தடை முகவரியில் இருந்தது. ரூட்டரின் பக்கத்தில் என் இணைப்புக்குரிய முகவரி 100.72 என்று தொடங்கியது. 1981இல் வகுக்கப்பட்ட ஐபிவி4 நெறிமுறை ஏறத்தாழ 429 கோடி முகவரிகளையே தரவல்லது. ஒரே முகவரியைப் பலர் பகிரும் நேட் முறை 1994இல் தற்காலிகத் தீர்வாக முன்மொழியப்பட்டது. ஆசிய பசிபிக் பதிவகம் 2011 ஏப்ரலில் தன் இறுதித் தொகுதிக்கு வந்துவிட்டது. 2012 ஏப்ரலில், சேவை வழங்குநர்களே தம் வாடிக்கையாளர்களைப் பகிர்வு முகவரியின் பின்னே வைப்பதற்காக 100.64 முதல் 100.127 வரையிலான தொகுதி ஒதுக்கப்பட்டது. என் அறை அந்தத் தொகுதிக்குள் இருந்தது. நான் வெளியே அழைக்கலாம். வெளியிலிருந்து என்னை அழைக்க இயலாது. மறுமுனையிலுள்ளவரும் அவ்வாறே அடைபட்டிருந்தால் இருவரும் பெரும்பாலும் சந்திப்பதே இல்லை. திரைப்படத் தளங்களுக்கு இதனால் இடரில்லை. அவற்றை நாம்தானே அழைக்கிறோம்.

மூன்றாவது ஐயம் வழங்குநரின் தலையீடு. இதற்கு முன்னுதாரணம் உண்டு. 2007இல் அமெரிக்காவின் காம்காஸ்ட் நிறுவனம், இணைப்பைத் துண்டிக்குமாறு கூறும் போலிப் பொதிகளைச் செலுத்திப் பிட்டொரண்ட் பதிவேற்றங்களை முறித்ததை ராப் டோபோல்ஸ்கி கண்டறிந்தார். அவர் பகிர முயன்றவை நூற்றாண்டுப் பழமையான சேர்ந்திசைப் பாடல்கள். அவ்வாண்டு அக்டோபரில் அசோசியேட்டட் பிரஸ் விவிலியக் கோப்பைப் பகிர்ந்து பார்த்து அதை உறுதிசெய்தது. 2008 ஆகஸ்டில் கூட்டாட்சித் தொடர்பு ஆணையம் கண்டித்தது. 2010 ஏப்ரலில் மேல்முறையீட்டு நீதிமன்றம், ஆணையத்துக்கு அந்த அதிகாரம் இல்லை என்று ஆணையை நீக்கியது. அன்று முறிக்கப்பட்டது பெறுதல் அன்று, தருதல் என்பது கருதத்தக்கது. என் இணைப்பில் இத்தகைய தலையீட்டுக்குச் சான்று கிடைக்கவில்லை. விபிஎன் வழியே முயன்றபோதும் வேகம் மாறவில்லை.

இறுதியில் உதவியது ஐபிவி6. வழங்குநர் அதைத் தந்திருந்தும் ரூட்டரில் அது அணைக்கப்பட்டிருந்தது. அதை இயக்கி, மென்பொருளுக்குரிய வாயிலைத் தீயரணில் திறந்ததும் வெளியிலிருந்து அழைப்புகள் வரத் தொடங்கின. வேகம் நொடிக்கு 2 எம்பி ஆயிற்று. அன்றிரவே தொகுப்பு முழுமையடைந்தது.

ஆய்வு மாணவர்களுக்கு இது வெறும் வசதிக் குறைவு அன்று. வளம் குறைந்த மொழிகளின் தரவுத்தொகுப்புகள் பல, சர்வர் வாடகைக்கு நிதியில்லாதவர்களால் இவ்வாறே காக்கப்படுகின்றன. நான் இறக்கிய தொகுப்பை அன்று முழுமையாக வைத்திருந்தவர்கள் மூவர். பெறுவதற்கு மட்டும் கட்டப்பட்ட இணைப்புகளிலிருந்து அம்மூவரும் விலகிவிட்டால் அத்தொகுப்பு யாருக்கும் கிடைக்காது. ஆகவே இணைப்பு வாங்கும்போது பதிவேற்ற வேகம் எவ்வளவு, ஐபிவி6 உண்டா, வெளியிலிருந்து அணுகத்தக்க முகவரி கிடைக்குமா என்று கேளுங்கள். தரவிறக்கம் முடிந்ததும் மென்பொருளை மூடிவிடாதீர்கள். என் கணினியில் அது இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது, இப்போது நால்வர்.